சாட்சி கேட்காத ஊரில் சாட்சி தேடுகிறவள்

விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டி ஏதோ ஒரு மோட்டலில் பேருந்து நிற்கும் இருபது நிமிஷத்தில் இரண்டு அத்தியாயம் முடித்து, உளுந்தூர்பேட்டை வருவதற்குள் கொலைகாரன் யாரென்று தெரிந்துகொண்டு, புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டுத் தூங்குகிறவர்கள் நாம். மாத நாவல்கள் நம்மை அப்படித்தான் பழக்கியிருக்கின்றன. அதில் குறையொன்றும் இல்லை. ராஜேஷ்குமாரை வேறெப்படிப் படிப்பது? ஆனால் அந்த வேகத்தோடு போர்க்காலத் துப்பறியும் நாவலுக்குள் நுழைந்தால், முப்பதாம் பக்கத்திலேயே சலிப்புத் தட்டும். கொலை நடந்துவிட்டது, இன்னும் ஏன் அரிசி விலையையே பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று தோன்றும். அந்த அரிசி விலையில்தான் விஷயமே இருக்கிறது.

எடுத்துக்காட்டுக்கு ஒரே நாவலை வைத்துக்கொள்வோம். சிங்கப்பூர் எழுத்தாளர் ஒவிடியா யூ 2020-ல் எழுதிய ‘தி மிமோசா ட்ரீ மிஸ்டரி’. ஆங்கிலம்தான், ஆனால் அகராதியைத் தேட வைக்காத ஆங்கிலம். களம் இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் பிடியில் இருக்கும் சிங்கப்பூர். மிர்சா என்ற அண்டை வீட்டுக்காரர், ஜப்பானியரோடு ஒட்டி உறவாடி ஊராரை மிரட்டிக் காசு பறித்தவர், தன் வீட்டுத் தோட்டத்தில் செத்துக் கிடக்கிறார். கையில் ஒரு மிமோசாக் கிளை. பழிக்குப் பழியாக அக்கம்பக்கத்து ஆண்களை ராணுவம் அள்ளிக்கொண்டு போகிறது. அதில் சு லின் என்ற சீனப் பெண்ணின் சித்தப்பாவும் ஒருவர். பழைய உளவாளியும் இப்போதைய அதிகாரியுமான தகாவா அவளிடம் பேரம் பேசுகிறான்: உண்மையான கொலைகாரனைக் கண்டுபிடித்துக் கொடு, சித்தப்பாவை விடுகிறேன். பின்னட்டை சொல்கிற அளவுக்கு மேல் கதையை நான் சொல்லப்போவதில்லை.

இதைப் படிக்கும் முன் ஒரு சரித்திரச் செய்தி தெரிந்திருந்தால் ருசி வேறாகிவிடும். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. அடுத்த சில நாட்களிலேயே 18 முதல் 50 வயது வரையுள்ள சீன ஆண்களை வரச்சொல்லி வரிசையில் நிறுத்தினார்கள். பல இடங்களில் முக்காடு போட்ட ஆள் ஒருவன் உட்கார்ந்திருப்பான். யாரைப் பார்த்து அவன் தலையசைக்கிறானோ அவர் லாரியில் ஏற்றப்படுவார். கடற்கரைக்குப் போன லாரிகள் வெறுமையாகத் திரும்பின. தப்பியவர்களுக்குத் தாளிலோ சட்டையிலோ கையிலோ ஒரு முத்திரை. அந்தச் சட்டையைத் துவைக்காமல் வைத்துக்கொண்டவர்கள் உண்டு. செத்தவர்கள் ஐயாயிரம் சொச்சம் என்பது ஜப்பான் தரப்புக் கணக்கு. சீனர்களின் கணக்கு அதைப்போலப் பல மடங்கு.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஒரு தலையசைப்பு போதும் ஆளைக் கொல்ல என்றிருக்கும் ஊரில், ஒரு பெண் தடயம் தேடுகிறாள், யார் எந்நேரம் எங்கே இருந்தார் என்று கேட்கிறாள். சாதாரண துப்பறியும் கதையில் சாட்சி என்பது கோர்ட்டுக்குப் போகிற சாமான். இங்கே கோர்ட்டே இல்லை. அப்படியிருந்தும் ‘இவன்தான்’ என்று கைகாட்டாமல், ‘இவன்தானா?’ என்று கேட்கிறாளே, அந்தப் பிடிவாதத்தை ரசிக்கத்தான் இந்தவகை நாவல். கொலைகாரன் யாரென்பது எனக்கு இரண்டாம்பட்சம்.

அடுத்தது, பொய். வழக்கமான மர்மக் கதையில் பொய் சொல்கிறவன் மேல் சந்தேகப்படுவோம். போர்க்காலத்தில் அந்தக் கணக்கு செல்லாது, ஏனென்றால் எல்லாரும் பொய் சொல்வார்கள். ஒருத்தி அரிசி மூட்டையை ஒளித்திருப்பாள், ஒருவன் ரேடியோவை, இன்னொருத்தி மகனை. உயிர் பிழைக்கச் சொன்ன பொய் எது, உயிரை எடுத்ததை மறைக்கும் பொய் எது என்று பிரித்துக்கொண்டே போவதுதான் இதில் வாசகனின் வேலை. ஒவ்வொரு பாத்திரம் வரும்போதும் இவர் எதற்குப் பயப்படுகிறார் என்று புத்தக ஓரத்தில் பென்சிலால் குறித்துவையுங்கள். பாதிப் புத்தகத்தில் ஒருவரின் பயம் மட்டும் கணக்கில் இடிக்கும்.

பொருட்களையும் கவனியுங்கள். அந்நாளில் ஜப்பானியர் அடித்துவிட்ட பத்து டாலர் நோட்டில் வாழை மரப் படம். மக்கள் அதற்கு வாழைமரக் காசு என்றே பெயர் வைத்தார்கள். காகிதம் கிடைத்தபோதெல்லாம் அச்சடித்ததில் அதன் மதிப்பு ஒன்றுமில்லாமல் போனது. அரிசி போய் மரவள்ளிக்கிழங்கு வந்தது. கள்ளக்குறிச்சிப் பக்கம் காடுகாடாக நிற்கும் அதே மரவள்ளிதான். மூன்று வேளையும் அதுவே சாப்பாடு என்றால் என்ன என்று நம் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கடிகாரத்தையும் விட்டுவைக்கவில்லை. டோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளிவைத்தார்கள். அதனால் சிங்கப்பூரில் எட்டு மணிக்குத்தான் பொழுது விடிந்தது. ‘ராத்திரி பதினொரு மணிக்குப் பார்த்தேன்’ என்று ஒருவர் சொன்னால், எந்தக் கடிகாரத்தில் என்று கேட்கத் தோன்ற வேண்டும். இப்படிப்பட்ட விவரங்களை வருணனை என்று தாண்டிப் போகிறவர்கள் கதையையே தாண்டிப் போகிறார்கள்.

சரி, ஏன் ஒரு பெண்? நம் துப்பறியும் நாவல்களில் பெண்கள் இல்லாமல் இல்லை. பரத்–சுசீலா, நரேந்திரன்–வைஜெயந்தி, விவேக்–ரூபலா. ஆனால் பெயர்ப்பலகையில் அவர்கள் இரண்டாவது. சு லின்னுக்கு முன்னால் யார் பெயரும் இல்லை. கதையைச் சொல்கிற ‘நான்’ அவளே. சின்ன வயதில் போலியோ வந்து கால் விந்துகிறவள், பெற்றோரை இழந்த ராசியில்லாத பெண் என்று பேரெடுத்தவள், மிஷன் பள்ளியில் படித்துப் பல மொழி பேசுகிறவள். நொண்டிப் பெண்தானே என்று அவள் காதுபட எல்லாம் பேசிவிடுகிறார்கள். எவர் எதிரில் எவர் வாய் திறக்கிறார்கள் என்பதைக் குறித்துக்கொண்டால், நாவல் எப்படிப் பின்னப்பட்டிருக்கிறது என்பது தெரியும்.

இது வெறும் கற்பனை என்று நினைக்க வேண்டாம். ரங்கூனில் 1927-ல் பிறந்த தமிழ்ப் பெண் சரஸ்வதி ராஜாமணி, பதின்வயதிலேயே நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்துக்கு உளவு பார்த்தவர். அவரே சொன்னபடி, ‘மணி’ என்ற பையனாக வேஷம் போட்டு பிரிட்டிஷ் அதிகாரிகள் வீட்டில் எடுபிடி வேலை செய்து செய்தி சேகரித்தார். பிடிபட்ட தோழியை மீட்கப் போனபோது காலில் குண்டடி பட்டு, அந்தக் கால் கடைசிவரை விந்தலாகவே இருந்தது. 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். எடுபிடிப் பையனை எந்தத் துரை திரும்பிப் பார்த்தான்? சு லின்னை நம்ப மறுக்கிறவர்கள் ராஜாமணியை நினைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று: துப்பறிகிறவளுக்குக் கூலி யார் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். நம் துப்பறியும் வக்கீல்கள் கணேஷ்–வசந்திடம் கட்சிக்காரர் வருவார், பீஸ் தருவார், பிடிக்கவில்லையென்றால் கணேஷ் கேஸை மறுத்துவிடலாம். சு லின்னால் மறுக்க முடியாது. கூலி சித்தப்பாவின் உயிர். சந்தேக வட்டத்தில் ஜப்பானிய அதிகாரிகளும் இருக்கிறார்கள். உண்மை அந்தப் பக்கம் போனால் அதைச் சொல்ல முடியுமா? இந்த நெருக்கடி ஒவ்வொரு விசாரணைக் காட்சிக்கும் அடியில் ஓடுகிறது. அந்தக் காட்சிகளையாவது நிதானமாகப் படியுங்கள்.

குறையும் சொல்ல வேண்டும். ஒவிடியா யூவின் கை மென்மையானது. சித்திரவதைக்குப் பெயர்போன ஜப்பானிய ராணுவப் போலீஸான கெம்பெய்தாயின் காலத்தை, தேநீரோடு படிக்கிற தொனியில் சொல்வது சில அத்தியாயங்களில் உறுத்துகிறது. ரப்பர் தோட்டங்களிலிருந்து சயாம்–பர்மா ரயில்பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டு மடிந்த பல்லாயிரம் தமிழர்களின் கதையையும் இதில் தேடக் கூடாது. தென்னாற்காட்டிலிருந்து மலாயாத் தோட்டங்களுக்குப் போன குடும்பங்கள் நம் பக்கத்தில் ஏராளம். அவர்களுக்கு அந்தப் போர் வெளிநாட்டுச் சேதி அல்ல. அந்தக் கதைக்கு மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ இருக்கிறது. ஜப்பானியர் வந்திறங்கிய தென்கிழக்காசிய நகரங்களின் வாசனைக்கு ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’. சிங்காரத்தை முதலில் படித்துவிட்டுச் சு லின்னிடம் வருவது என் சிபாரிசு. தெருக்கள் அப்போது தாமாகவே கண்ணில் நிற்கும். போரின் தடத்தைக் கண்ணால் பார்த்தாக வேண்டுமென்றால் வெகுதூரம் போக வேண்டாம்; அந்தப் போருக்காக பிரிட்டிஷார் போட்ட விமான ஓடுதளம் உளுந்தூர்பேட்டையில் கிடக்கிறது.

‘முறையாக அலுவலகம் திறந்து போர்டு மாட்டிய பெண் துப்பறிவாளர்தான் வேண்டும்’ என்பவர்களுக்கு ஜாக்குலின் வின்ஸ்பியரின் மெய்சி டாப்ஸ். முதல் உலகப் போரில் பிரான்சில் நர்ஸாக இருந்தவள், 1929-ல் லண்டனில் தனியார் துப்பறியும் தொழில் தொடங்குகிறாள். 2003-ல் தொடங்கிய வரிசை 2024-ல் பதினெட்டாவது நாவலோடு முடிந்தது. அத்தனையும் வேண்டாமென்றால் 2019-ல் வந்த ‘தி அமெரிக்கன் ஏஜென்ட்’ போதும். 1940, லண்டன் மேல் குண்டு மழை; இரவில் ஆம்புலன்ஸ் ஓட்டிவிட்டுப் பகலில் கொலையை விசாரிக்கிறாள். சு லின்னைவிட மெய்சி நிதானம், சில சமயம் அதிக நிதானம்.

சு லின் பிடித்துப்போனால் ‘கேனன்பால் ட்ரீ’ 2021-லும், ‘மஷ்ரூம் ட்ரீ’ 2022-லும் வந்திருக்கின்றன. வரிசை மாற்றாமல் படியுங்கள். முக்கியமாக, கையில் இருப்பதை முடிக்கும் வரை அடுத்ததன் பின்னட்டையைப் பார்க்காதீர்கள். போர்க்காலத் தொடரில் யார் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்பதே பெரிய ரகசியம். பின்னட்டை அதைப் போட்டு உடைத்துவிடும்.