புரட்சிகளைக் கற்பித்தல்: பாலாற்றங்கரை வகுப்பறையை முன்வைத்து ஒரு திறனாய்வு

உலக வரலாற்றைக் கற்பிக்கும் எந்தப் பாடத்திட்டமும் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியை விட்டுச் செல்ல இயலாது. 1776இல் அமெரிக்கக் குடியேற்றங்களின் விடுதலை அறிவிப்பு, 1789இல் பிரெஞ்சுப் புரட்சி, அதே காலத்தில் இங்கிலாந்தில் நீராவிப் பொறியும் நூற்பாலையும் தோற்றுவித்த தொழிற்புரட்சி ஆகியவை இன்றைய உலகின் அடித்தளங்கள் எனலாம். தமிழ்நாட்டு ஒன்பதாம் வகுப்புச் சமூக அறிவியல் நூலிலும் ‘புரட்சிகளின் காலம்’, ‘தொழிற்புரட்சி’ என இவை அடுத்தடுத்த பாடங்களாக அமைந்துள்ளன. இப்பாடங்கள் கற்பிக்கப்படும் முறையை, வேலூர், ஆம்பூர், இராணிப்பேட்டை ஆகிய தோல் தொழில் வட்டாரத்தையும், சிறப்பாக ஆற்காட்டுக்குத் தெற்கே உள்ள கலவையைப் போன்ற ஓர் ஊரின் வகுப்பறையையும் கண்முன் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இறையியல் இதழில் இதற்கு இடம் ஏன் என வினவலாம். இவ்வட்டாரத்தில் 1853இல் அமைக்கப்பெற்ற ஆற்காடு மிஷன் காலந்தொட்டுத் திருச்சபை பள்ளிகளை நடத்தி வருகிறது. நம் ஆயர்களில் பலர் பள்ளித் தாளாளர்கள். வாரநாளில் வரலாறு கற்கும் பிள்ளைகளே ஞாயிறன்று நம்முடைய திடப்படுத்தல் வகுப்பிலும் அமர்கின்றனர். உரிமை, சமத்துவம், உழைப்பு, கூலி ஆகியவற்றைக் குறித்து அவர்கள் வகுப்பறையில் பெறும் எண்ணத்தின்மேல்தான் நம் போதனையும் விழுகிறது.

1. பிரிந்து கிடக்கும் பாடங்கள்

பாடநூலைப் பழித்தல் எளிது, அது நேர்மையாகாது. தொழிற்புரட்சி என்றால் வாட், ஆர்க்ரைட் போன்றோரின் கண்டுபிடிப்புகளை மட்டும் அடுக்கிச் சொன்ன பழைய நூல்களைவிட இன்றைய நூல் பன்மடங்கு மேலானது. தொழிலாளரின் துயரும், அவர்தம் இயக்கங்களும், இந்திய நெசவாளர் அடைந்த கேடும் அதில் இடம்பெற்றுள்ளன. குறை வேறிடத்தில் உள்ளது. பிரெஞ்சுப் புரட்சி ஒன்பதாம் வகுப்பில் வருகிறது. 1806ஆம் ஆண்டு வேலூர்க் கோட்டையில் நிகழ்ந்த எழுச்சி பத்தாம் வகுப்பில், தமிழக வரலாற்றுப் பகுதியில் வருகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோல் தொழிலோ பொருளியல் பகுதியில், தொழில் தொகுப்புகள் என்னும் தலைப்பின்கீழ் வருகிறது. மூன்றையும் இணைத்துக் காணும் வாய்ப்பு எந்த ஆண்டிலும் மாணவனுக்குக் கிட்டுவதில்லை.

தேர்வு முறை இப்பிளவை ஆழமாக்குகிறது. காரணங்கள், போக்கு, விளைவுகள் என எந்தப் புரட்சியும் ஐந்து மதிப்பெண் விடையாகச் சுருங்குகிறது. அவ்விடையை ஒப்பிக்கும் மாணவன், புரட்சி என்பது பிற நாட்டார் செய்து முடித்த செயல் என்றும், அதன் பலன்களை நாம் பெற்றுக்கொண்டோம் என்றும் எண்ணப் பழகுகிறான். யார் ‘மக்கள்’ எனக் கணக்கில் கொள்ளப்பட்டனர், மாற்றத்துக்கு யார் விலை கொடுத்தனர் என்னும் இரு வினாக்களும் எழுவதே இல்லை. புரட்சியைக் கற்பித்தலில் இவ்விரண்டுமே தலையாயவை என்பது எம் கருத்து.

2. வேலூர், 1806

இவ்விரு வினாக்களோடு வேலூர்க் கோட்டையை நோக்குவோம். 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் அவருடைய குடும்பத்தார் இக்கோட்டையில் வைக்கப்பட்டிருந்தனர். அப்போருக்கு வெல்லெஸ்லி காட்டிய முதன்மையான காரணம் திப்புவுக்கும் புரட்சிப் பிரான்சுக்கும் இருந்த உறவு. நெப்போலியன் 1798இல் எகிப்தில் இறங்கியதும் அவ்வச்சத்தை வளர்த்தது. ஆகவே பாரிசில் தொடங்கிய கொந்தளிப்பின் அலை பதினேழாண்டுகளுக்குள் நம் பாலாற்றங்கரையைத் தொட்டுவிட்டது. ஒன்பதாம் வகுப்பையும் பத்தாம் வகுப்பையும் இணைக்கும் பாலம் இதுவே.

சென்னைப் படையில் புதிய தலைப்பாகை புகுத்தப்பட்டது. அதில் தோலால் செய்த குஞ்சம் இருந்தது. சீருடையில் நெற்றிக்குறியும் காதணியும் விலக்கப்பட்டன. தாடியை மழிக்க ஆணை பிறந்தது. மறுத்த சிப்பாய்கள் 1806 மே மாதத்தில் தண்டிக்கப்பட்டனர். சூலை 10ஆம் நாள் விடியுமுன் இந்துச் சிப்பாய்களும் முஸ்லிம் சிப்பாய்களும் ஒருங்கே எழுந்து ஆங்கிலேயப் படையினர் நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்றனர். ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையுடன் விரைந்து வந்து அன்று பகலுக்குள் கோட்டையை மீட்டார். சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் மாண்டனர். பலர் சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டனர்.

இந்நிகழ்வு நம் வகுப்பறைகளில் இரு வகையாகத் திரிக்கப்படுகிறது. பழைய ஆங்கில நூல்களைப் பின்பற்றியோர், தலைப்பாகையைக் கண்டு மிரண்டவர்களின் மூட நம்பிக்கை என ஒதுக்கினர். இக்காலத்தார் பலர் இதனை முதல் விடுதலைப் புரட்சி என முழங்கி நிறுத்திக்கொள்கின்றனர். எழுந்தவர்கள் மைசூர்க் கொடியை ஏற்றித் திப்புவின் மரபை மீட்க முனைந்தனர். அன்னிய ஆட்சியின் இழிவை எதிர்த்த வகையில் அது விடுதலை வேட்கை. அரசனின் அதிகாரத்தைக் கட்டுப்படுத்த முனைந்த 1789ஐப் போன்றது அன்று. தமிழில் ‘புரட்சி’ என்னும் ஒரே சொல் கிளர்ச்சிக்கும், ஆட்சி மாற்றத்துக்கும், பொறிகளால் விளைந்த மாற்றத்துக்கும் வழங்குவதால் இவ்வேறுபாடு மறைந்துபோகிறது. ஆசிரியர் முதலில் செய்யத்தக்கது இச்சொல்லைப் பிரித்துக் காட்டுதலே.

கிறித்தவ ஆசிரியருக்கு இங்கு மேலும் ஒரு கடமை உண்டு. புதிய தலைப்பாகை தம்மைக் கிறித்தவராக்கும் சூழ்ச்சி எனச் சிப்பாய்கள் அஞ்சினர். அவ்வச்சத்தின் விளைவாக அதே ஆண்டில் வங்காளத்தில் கேரியும் அவருடைய துணைவர்களும் தம் பணியை அடக்கிக்கொள்ளுமாறு அரசால் கேட்கப்பட்டனர். இங்கிலாந்தில் மிஷன் பணியை அனுமதிக்கலாமா என்னும் கடும் வாதம் மூண்டு, 1813ஆம் ஆண்டுச் சாசனச் சட்டத்தில் ஒருவாறு முடிவுற்றது. இப்பகுதியைப் பேசக் கூசி நம் பள்ளிகள் கடந்து செல்கின்றன. ஆட்சியின் சீருடையும் சிலுவையும் ஒன்றெனத் தோன்றிய காலம் ஒன்று இருந்தது என்பதை நம் பிள்ளைகள் நம்மிடமிருந்தே கேட்க வேண்டும்.

3. தோலும் பாலாறும்

தொழிற்புரட்சிப் பாடத்துக்கு மான்செஸ்டர் மட்டுமே ஆய்வுக்கூடம் அன்று. ஆவாரம்பட்டை கொண்டு தோல் பதனிட்ட பழைய முறையிலிருந்து குரோம் உப்பு முறைக்கு மாறிய வரலாறு இவ்வட்டாரத்தின் தொழிற்புரட்சி. அம்முறை அமெரிக்காவில் 1884இல் காப்புரிமை பெற்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் ஆல்பிரட் சாட்டர்ட்டன் அதனை ஆய்ந்து பரப்பினார். 1970களில், அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்தி, முழுதும் பதனிட்ட தோலையும் காலணியையும் ஊக்குவித்தது. அதன்பின் டேனரிகளும் காலணி ஆலைகளும் பெருகின. இன்று பல சிற்றூர்களிலிருந்து பெண்கள் ஆலைப் பேருந்தில் ஏறி வேலைக்குச் செல்கின்றனர்.

இம்மாற்றத்தில் விடுதலை இல்லை எனல் தவறு. நிலமற்றோர் பலர், சிறப்பாகத் தலித் மக்கள், பண்ணையாரின் களத்தை விட்டு மாதக் கூலி பெறும் நிலையை எய்தினர். தம் பெயரில் ஊதியம் பெறும் பெண்கள் குடும்பத்தில் குரல் பெற்றனர். ஆயினும் சுண்ணாம்புத் தொட்டியிலும் ஈரத்தோலிலும் கைவைக்கும் வேலை பழைய சாதிக் கணக்கின்படியே பெரிதும் பங்கிடப்பட்டது. பொறி மாறியது, ‘தீட்டு’ மாறவில்லை. தொழிற்புரட்சி பழைய சமூகக் கட்டுகளைத் தகர்த்தது என ஒப்பிக்கும் மாணவனிடம் கேட்கத்தக்க வினா இது.

விலை கொடுத்தோர் மற்றொரு கூட்டத்தார். உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28இல் வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் அளித்த தீர்ப்பு, ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாவதையும், இவ்வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ கெட்டுப்போனதையும் எடுத்துக்காட்டியது. கேடு விளைத்தவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்னும் நெறி நாட்டின் சட்டத்தில் அடங்கியது என இத்தீர்ப்பு உறுதிப்படுத்தியது. ஆயினும் 2015 சனவரி 31இல் இராணிப்பேட்டையில் கழிவுக் குழம்புத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் உட்பட பத்துப் பேர் மாண்டனர். பாலாற்று மாசுக்கு உரிய ஈட்டை வழங்கவும் ஆற்றைச் சீர்செய்யவும் உச்ச நீதிமன்றம் 2025 சனவரியில் மறுபடியும் ஆணையிட வேண்டியதாயிற்று. கிணற்று நீர் உப்பாகிய உழவரும், ஆலை மூடப்பட்டால் அடுப்பெரியாதே என அஞ்சிய தொழிலாளரும் எதிரெதிரே நிற்கும்படி நேர்ந்தது. இருவரும் ஏழைகளே, இருவரும் நம் சபைகளில் ஒரே வாங்கில் அமர்வோராகவும் இருக்கலாம்.

இங்கிலாந்தில் 1832இல் பாராளுமன்றக் குழுவின்முன் ஆலைச் சிறுவர்கள் அளித்த சாட்சியத்தையும், பின் எழுந்த 1833ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தையும் இத்தீர்ப்போடு அருகருகே வைத்துக் கற்பித்தால், சட்டம் புரட்சியின் பின்னால் தாமதித்து வருவது எவ்வாறு என்பதை மாணவன் தானே உணர்வான்.

4. திருச்சபை எங்கே நின்றது?

இறையியல் மாணவர் இவ்வினாவைத் தப்ப இயலாது. பிரெஞ்சுப் புரட்சிக்குமுன் குருமார் முதல் வகுப்பினர்; பெருநிலங்களுக்கு உரியவர். 1789 நவம்பரில் அந்நிலங்கள் நாட்டுடைமையாயின. இதனைத் திருச்சபைக்கு நேர்ந்த துன்பமாக மட்டும் கற்பித்தல் அரைகுறைக் கல்வி. பசித்தவன் கண்ணுக்கு ஆலயம் எவ்வாறு தோன்றியது என்பதும் பாடமாகும். இங்கிலாந்தில் மெதடிச எழுப்புதல் புரட்சியைத் தடுத்தது என ஹாலெவி 1906இல் கூறினார். அவ்வெழுப்புதல் தொழிலாளரை ஆலையின் ஒழுங்குக்குப் பணிய வைத்தது என ஈ. பி. தாம்சன் 1963இல் கடிந்தார். இவ்வாதத்தில் எவர் பக்கம் சாய்ந்தாலும், ஆலை வாயில்களில் ஆசி கூறும் நம் செபங்கள் எவருக்குத் துணையாகின்றன என்னும் கேள்வி எஞ்சி நிற்கும்.

வேறொரு மரபும் நமக்கு உண்டு. வில்லியம் கேரி இங்கிலாந்தில் செருப்புத் தைத்தவர். அத்தொழிலுக்காகவே கற்றோர் ஏட்டில் ஏளனம் செய்யப்பட்டவர். யூத மரபு தோல் பதனிடும் இடத்தை ஊருக்கு ஐம்பது முழம் அப்பால் தள்ளி வைத்தது. அத்தகைய தொழில் செய்த சீமோனின் வீட்டில்தான் பேதுரு தங்கினார். தீட்டானது எது, தூய்மையானது எது என்னும் அவருடைய பழைய கணக்கு அவ்வீட்டின் மேல்மாடியில் திருத்தப்பட்டது. ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் அப்போஸ்தலர் நடபடிகளின் பத்தாம் அதிகாரத்தைப் பிரசங்கிப்போர் இச்சூழலைக் குறிப்பிடாது விடுதல் வியப்புக்குரியது.

5. இரு எச்சரிக்கைகள்

முதலாவது, ஒவ்வொரு புரட்சியையும் இறைவனின் செயல் என விரைந்து முத்திரையிடுதல். 1966இல் ஜெனீவாவில் கூடிய மாநாடும், அதன் தலைவராக அமர்ந்த எம். எம். தாமஸ் ஆசியப் புரட்சியைக் குறித்து அதே ஆண்டில் வெளியிட்ட நூலும் நமக்குப் பெருங்கொடை. ஆயினும் அம்மொழியைக் கடன்வாங்கியோர் சிலர், புரட்சியும் தீர்ப்புக்கு உட்பட்டதே என்பதை மறந்தனர். சமத்துவம் பேசிய பாரிஸ், பெண்ணுரிமை கேட்ட ஒலிம்ப் தெ கூஜை 1793இல் கில்லட்டினுக்கு அனுப்பியது. இரண்டாவது, ரோமர் 13ஐக் காட்டி எல்லா எழுச்சியையும் ஒழுங்கீனம் எனக் கண்டித்தல். நாபோத்தின் திராட்சத்தோட்டத்தைக் கைக்கொண்டவனும் அதிகாரத்தில் இருந்தவனே; எலியா அவன்முன் வாய்மூடி நிற்கவில்லை.

6. செய்யத்தக்கவை

பாடத்திட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒன்பதாம் வகுப்பில் இப்பாடங்கள் நடக்கும் வாரத்திலேயே பத்தாம் வகுப்பின் வேலூர்ப் பகுதியையும் எடுத்துப் பேசலாம். வேலூர்க் கோட்டைக்கு மாணவரை அழைத்துச் செல்லலாம். கோயிலும் பள்ளிவாசலும் தூய யோவான் ஆலயமும் ஒரே மதிலுக்குள் நிற்கும் இடம் அது. முதிய டேனரித் தொழிலாளர் ஒருவரையும், பாலாற்றங்கரை உழவர் ஒருவரையும் ஒரே வகுப்பில் பேசச் செய்யலாம். 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பின் சில பக்கங்களைத் தமிழில் ஆக்கி வாசிக்கலாம். தாளாளராகிய ஆயர் இதற்கென ஓராண்டில் மூன்று பாடவேளைகளை ஒதுக்கினாலே போதும். நம் இறையியற் கல்லூரிகளும் திருச்சபை வரலாற்றைக் கற்பிக்கையில் 1806ஐ அடிக்குறிப்பாக விடாது தனிப்பாடமாக்க வேண்டும்.

கலவைப் பள்ளி மாணவன் பாஸ்டில் சிறை வீழ்ந்த நாளை அறிந்திருத்தல் நன்று. அவனுடைய தாயின் ஊதியமும், தாத்தாவின் கிணற்று உப்பும், தன் தெருவுக்கு ஊரார் இட்ட பெயரும் அதே வரலாற்றில் அடங்கியவை என்பதை அறிந்தால், அவன் ஐந்து மதிப்பெண்ணுக்கு அப்பாலும் வினவத் தொடங்குவான். அவ்வினாவைக் கேட்டு அஞ்சாத ஆசிரியரையும் ஆயரையும் உருவாக்குதல் நம் பொறுப்பு.