இளவேனில் 61 நாள்

பங்குனி கடைசி வாரம் வந்தாலே இணையத்தில் ஒரு வகைக் கட்டுரை முளைத்துவிடும். இந்த ஏப்ரல், மேயில் சென்னையில் செய்ய வேண்டிய பத்து, பார்க்க வேண்டிய பதினைந்து என்று எண் போட்டு வரும். மெரினாவில் சூரிய உதயம், பெசன்ட் நகரில் மாலை, மாமல்லபுரம் வரைக்கும் ஒரு கார்ப் பயணம், ஈசிஆரில் தண்ணீர்ப் பூங்கா, ஏதாவது மாலில் மாம்பழத் திருவிழா, பிள்ளைகளுக்குச் சம்மர் கேம்ப். ஆங்கிலத்தில் வந்ததை அவசரமாகத் தமிழாக்குவதால் சிலதில் 'வசந்த கால நிகழ்வுகள்' என்றே தலைப்பு இருக்கும். வெளியே 36 டிகிரி கொளுத்திக்கொண்டிருக்கும்.

இந்தப் பட்டியல்களைக் கொஞ்ச நாளாகச் சேர்த்துவைக்கிறேன். தொழில் மென்பொருள். எதைப் பார்த்தாலும் எக்செல்லில் போட்டுப் பார்க்கிற வியாதி உண்டு. இடங்களை மேப்பில் புள்ளி வைத்தால் பெரும்பாலும் சென்ட்ரல் ஸ்டேஷனுக்குத் தெற்கேதான் குவிகின்றன. வடக்கே தெறித்து விழுந்தவை ஒன்றிரண்டு: சவுகார்பேட்டை சாட் கடைகள், காசிமேடு ஞாயிற்றுக்கிழமை மீன் மார்க்கெட். நான் இருக்கும் புளியந்தோப்பு எதிலும் கிடையாது. அங்கே பார்க்க என்ன இருக்கு என்று நீங்கள் கேட்டால் எனக்குக் கோபம் வராது. எங்கள் பேட்டை சரித்திரப் புத்தகத்தில் வருவது 1921 பி அண்ட் சி மில் வேலைநிறுத்தத்தின்போது நடந்த கலவரத்தால். நாளிதழில் வருவது கிரைம் பக்கத்தில். மழைக்காலமானால் முழங்கால் தண்ணீர் போட்டோவில். சுற்றிப் பார்க்கும் இடமாக அதைச் சேர்க்கச் சொல்லி நான் மனு கொடுக்கவில்லை. என் கேள்வி வேறு. ஒரு ஊரின் பருவத்தைப் பட்டியல் போடுகிறவர் யாருடைய காலண்டரைப் பார்த்துப் போடுகிறார்?

தமிழில் இந்த வேலையை முன்பே ஒருவர் செய்திருக்கிறார். சிலப்பதிகாரம் புகார்க் காண்டத்தில் ஐந்தாவது காதை, இந்திரவிழவூர் எடுத்த காதை. சித்திரை மாதம், சித்திரை நட்சத்திரம், முழுநிலா. ஒரு பெரிய துறைமுக நகரத்தின் வசந்த விழா. பள்ளிக்கூடத்தில் இதை நகர வருணனை என்று சொல்லித் தாண்டிப் போய்விடுவார்கள். பட்டியலாகப் படித்துப் பாருங்கள், வரிசை முக்கியம். இளங்கோ முதலில் எழுதுவது அரண்மனையையோ கோயிலையோ இல்லை, மருவூர்ப்பாக்கத்தை. கடலை ஒட்டின பக்கம். யவனர் வீடுகள், கப்பலில் வந்த பிறநாட்டார், சாந்து விற்பவர், பட்டும் மயிரும் பருத்தியும் நெய்கிறவர், பிட்டு, அப்பம், கள், மீன், உப்பு விற்கிறவர்கள், இறைச்சிக் கடைகள், கொல்லர், தச்சர், தோல் தைக்கிறவர். அதற்கப்புறம்தான் ராஜவீதியும் பெருவணிகரும் இருக்கிற பட்டினப்பாக்கம். இரண்டுக்கும் நடுவில் மரத்தடியில் நாளங்காடி. அந்த நாளங்காடிப் பூதத்தின் பலிபீடத்தில்தான் விழா தொடங்குகிறது, இரண்டு பக்கத்து வீரர்களும் அங்கே வருகிறார்கள்.

இந்த மருவூர்ப்பாக்கத்தை இன்றைய சென்னையில் வைத்துப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. நெசவு என்றால் பெரம்பூர் பி அண்ட் சி மில் (1996ல் மூடியாகிவிட்டது). இறைச்சி என்றால் எங்கள் ஆடுதொட்டி. மீன் காசிமேடு. தோல் பெரியமேடு. பிறநாட்டுக் கப்பல் துறைமுகம். அதாவது, இளங்கோ முதலில் சொல்லத் தொடங்கிய பக்கத்தையே நம் பட்டியல்காரர்கள் விட்டுவிட்டு நேராகப் பட்டினப்பாக்கத்தில் ஆரம்பிக்கிறார்கள். (பட்டினப்பாக்கம் என்று ஒரு இடம் இப்போதும் மெரினாவுக்குத் தெற்கே இருப்பது தற்செயல்தான். அதை வைத்து யாரும் ஆராய்ச்சி எழுதிவிட வேண்டாம்.)

இளங்கோவைத் தலையில் தூக்கிவைக்கவும் மாட்டேன். அத்தனை தொழில்காரர்களையும் வரிசையாகச் சொல்கிற அவர், அந்த முழுநிலா அன்று அவர்களில் யாருக்கு லீவு என்று சொல்வதில்லை. விழா முடிந்ததும் கதை வசதியான ஜோடியோடு கடற்கரைக்குப் போய்விடுகிறது. பிட்டு விற்றவர் அன்றைக்கும் பிட்டு விற்றிருப்பார். என்றாலும் அவர் பட்டியலில் அவருக்கு ஓர் இடம் இருக்கிறது.

இனி பருவத்துக்கு வருகிறேன். ஆறு பெரும்பொழுதில் இளவேனில் என்பது சித்திரையும் வைகாசியும். ஆங்கிலக் காலண்டரில் ஏறக்குறைய ஏப்ரல் 14 முதல் ஜூன் 14 வரை. இதை எழுதும்போதுதான் எனக்கு உறைத்தது: தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். 2017க்கு முன் 45 நாளாக இருந்தது. 61 ஆக நீட்டியதும் அது அப்படியே இளவேனிலின் மேல் போய் உட்கார்ந்துவிட்டது. தொல்காப்பியம் நெய்தலுக்குத் தனியாகப் பெரும்பொழுது எதையும் சொல்லவில்லை, சிறுபொழுதோடு நிறுத்திக்கொள்கிறது. பின்னால் வந்த நம்பியகப்பொருள் ஆறு பருவமும் நெய்தலுக்கு உரியது என்கிறது. நெய்தல்காரர்களுக்கென்று ஒரு இளவேனிலைக் கடைசியில் ஒதுக்கிக் கொடுத்தது மீன்வளத்துறை.

காரணமும் பொருத்தம்தான். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால்தான் தடை. வசந்தத்துக்குக் காப்பியங்கள் சொல்லும் காரணமும் கிட்டத்தட்ட அதுதானே.

இந்த 61 நாளில் காசிமேட்டுக்குப் போனால் ஒரு பருவம் மாறியிருப்பது கண்ணுக்குத் தெரியும். விசைப்படகுகள் நெருக்கியடித்துக் கட்டிக் கிடக்கும். சில படகு கரையேறியிருக்கும். பலகை மாற்றுகிறவர், இன்ஜினைப் பிரித்துப் போட்டிருப்பவர், பெயின்ட் அடிக்கிறவர், நிழலில் உட்கார்ந்து வலை பின்னுகிறவர். படகுகளை அதிகாரிகள் ஆய்வு செய்வதும் இப்போதுதான். நாட்டுப்படகும் ஃபைபர் படகும் கரையோரம் போய் வரும், அந்த மீன் எத்தனை பேருக்குப் போதும்? எங்கள் தெருவுக்குக் கூடையில் கொண்டுவரும் அக்கா, "ரெண்டு மாசத்துக்கு ஐஸ் மீன்தான் தம்பி, கேரளா லோடு" என்று முதல் நாளே சொல்லிவிடுவார். மேற்குக் கடற்கரையில் தடை ஜூனில்தான் தொடங்குகிறது, அதனால் அங்கேயிருந்து வரும். ஐஸ் உடைக்கிறவர், லோடு தூக்குகிறவர், மீன் வெட்டிக் கொடுக்கிறவர், குட்டியானை ஓட்டுகிறவர் எல்லாருக்கும் இது வருமானம் இறங்குகிற பருவம். நாளிதழில் இது 'வஞ்சிரம் விலை உயர்வு' என்று ஒரு பத்தியில் முடிந்துவிடும். வாங்குகிறவன் பக்கத்திலிருந்து எழுதப்பட்ட பருவம் அது.

அந்தத் தடை தொடங்கும் முந்தின நாளைக் கவனியுங்கள். ஏப்ரல் 14. சித்திரை ஒன்று, மாங்காய்ப் பச்சடி, வேப்பம்பூ. அதே நாள் அம்பேத்கர் பிறந்தநாள், 2022 முதல் தமிழக அரசு சமத்துவ நாளாக அறிவித்திருக்கும் நாள். அதே நாள் காசிமேட்டு விசைப்படகுகளுக்குக் கடைசி நாள். பட்டியல்களில் இந்தத் தேதிக்கு எதிரே புத்தாண்டு ஸ்பெஷல் சாப்பாடு, எந்த ஓட்டலில் எத்தனை ஐட்டம் என்று இருக்கும். புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் அன்று தெருவுக்குத் தெரு நீலக்கொடி, பேனர், மேளம், அண்டா வைத்துச் சோறு. மாலையில் மேடை போட்டுக் கானா. கூட்டத்தில் நிற்க டிக்கெட் கிடையாது, முன்பதிவு கிடையாது. இவ்வளவு பேர் தெருவில் இறங்கும் ஒரு சித்திரை விழா, நகரத்தின் விழாப் பட்டியலில் 'நிகழ்ச்சி'யாகத் தெரியாமல் 'போக்குவரத்து மாற்றம்' என்று மட்டும் தெரிகிறது. மறதியால் விட்டுப்போனது என்று இதை நான் நம்பவில்லை.

இதே இளவேனிலில் இன்னும் இரண்டு தேதி. 1918 ஏப்ரல் 27ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பி.பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு தொடங்கியது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்லப்படுவது இதுதான், ஆள்பலம் பி அண்ட் சி மில் தொழிலாளர்கள். 1923 மே 1ல் இந்தியாவின் முதல் மே தினத்தைச் சிங்காரவேலர் இந்தச் சென்னைக் கடற்கரையில் கொண்டாடினார். மெரினா உழைப்பாளர் சிலை (ராய் சௌத்ரி செய்தது, 1959) எல்லாப் பட்டியலிலும் உண்டு. 'செல்ஃபி எடுக்க ஏற்ற இடம்' என்று.

மெரினா என்றதும் சொல்லியே ஆக வேண்டியது ஒன்று இருக்கிறது. எல்லாப் பட்டியலிலும் முதல் எண் அதுதான். அந்த அகலமான மணல் எப்போதும் அங்கே இருந்ததில்லை. 1870களின் நடுவில் துறைமுகத்தைக் கட்டத் தொடங்கினார்கள். நம் கரையோரம் மணல் வருஷத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும், வடகிழக்குப் பருவமழை மாதங்களில் மட்டும் திசை திரும்பும். துறைமுகச் சுவர் குறுக்கே வந்ததும் மணல் தெற்குப் பக்கம் தேங்கி மெரினா அகலமானது. 1880களில் கவர்னர் கிராண்ட் டஃப் அங்கே உலாவும் பாதை போட்டு மெரினா என்று பேர் வைத்தார். வடக்கே மணல் வராமல் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடல் கரையைத் தின்றுகொண்டே போனது. பாறாங்கல் கொட்டினார்கள், பிறகு தூண்டில் வளைவு போட்டார்கள். மணிமேகலையில் இந்திரவிழா எடுக்க மறந்ததால் கடல் புகாரை எடுத்துக்கொள்ளும். எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத்தில் காரணம் அத்தனை மர்மமானது இல்லை. மெரினாவில் காலை நடை போகிறவர் நடப்பது ஒருவகையில் திருவொற்றியூருக்குப் போய்ச் சேராத மணல்மேல். பட்டியலின் முதல் எண்ணுக்கும், பட்டியலில் இல்லாத ஊருக்கும் இவ்வளவு நேரடியான கணக்கு இருக்கிறது.

சரி, அப்போ வட சென்னையையும் சேர்த்துவிட்டால் போதுமா? இப்போது அதுவும் ஆரம்பித்திருக்கிறது. பாக்ஸிங், கானா, கேரம், சுவரோவியம் என்று 'அசல் மெட்ராஸ்' பார்க்க அழைத்துப் போகும் நடைகள், ரீல்கள். கெட்ட எண்ணம் என்று சொல்ல மாட்டேன். சாயங்காலம் தெருவிளக்குக் கீழே கேரம் போர்டைச் சுற்றி நிற்கிறவர்களோடு நீங்களும் நின்றால் யாரும் விரட்ட மாட்டார்கள், இடம்விட்டு நிற்பார்கள். ஆனா அவர்கள் வெளியே ஆடுவதற்குக் காரணம் பாரம்பரியம் மட்டும் இல்லை. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே மே மாதத்தில் ராத்திரி பத்து மணிவரை உட்கார முடியாது. அந்தக் கூரையைச் சொல்லாமல் கேரத்தை மட்டும் எழுதினால், அது பழைய பட்டியலுக்குப் பதினோராவது எண் சேர்த்த மாதிரிதான்.

என்னைக் கேட்டால் ஏப்ரல் பட்டியலில் தேதியும் நேரமும் போட்டு இரண்டு வரி போதும். ஏப்ரல் 14 காலையில் புளியந்தோப்பு நெடுஞ்சாலை, வண்டியில்லாமல் வரவும். மே மாதம் ஏதாவது ஒரு நாள் காசிமேடு, மீன் வாங்க இல்லை, படகு வேலை பார்க்க. மூன்றாவதாக ஒன்றும் சேர்க்கலாம்: ஜூன் 14 நள்ளிரவு, அதே காசிமேடு. ஐஸ் ஏற்றி, டீசல் நிரப்பி, பெயின்ட் வாசனை போகாத படகுகள் கிளம்பும். மறுநாள் ஆனி, முதுவேனில். பட்டியல்காரர்கள் அதற்குள் குற்றால சீசனுக்குப் போயிருப்பார்கள்.