கம்பளிப் போர்வையும் நாலரைக் கிலோ பெட்டியும்

போன மாதம் பரணைச் சுத்தம் பண்ணும்போது அந்தப் பெட்டி திரும்பவும் கண்ணில் பட்டது. குளியலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன், நாலரைக் கிலோ. கால்பந்தை வைத்துச் செய்த போர்டு கேம். கிரவுட்ஃபண்டிங் தளம் ஒன்றில் பணம் கட்டி, சொன்ன தேதிக்குப் பதினாலு மாதம் தள்ளி வந்து சேர்ந்தது. இருபத்திரண்டு பொம்மைகள், மாற்று ஜெர்சியில் இன்னொரு இருபத்திரண்டு, அட்டையில் ஸ்டேடியச் சுவர், பாடப்புத்தகம் கணக்காக ஒரு விதிப் புத்தகம். இதுவரை ஆடியது இரண்டு தடவை. இரண்டாவது தடவை இடைவேளையோடு நிறுத்திவிட்டோம்.

பெயர் சொல்லப்போவதில்லை. செய்தவர்கள் ஏமாற்றவில்லை. வாக்குக் கொடுத்ததை எல்லாம் பெட்டிக்குள் வைத்து அனுப்பினார்கள். கோளாறே அங்கேதான் என்று நினைக்கிறேன்.

இதை இப்போ எழுத ஒரு சுயநலக் காரணமும் இருக்கு. இரண்டு வருஷமாக நானும் ஒரு விளையாட்டை அட்டையில் கொண்டுவரப் பார்க்கிறேன். சடுகுடு. நிதி கேட்கும் பக்கம்கூட எழுதி முடித்தாச்சு, பொத்தானை மட்டும் அழுத்தவில்லை. அழுத்தலாமா வேண்டாமா என்று யோசிக்கும்போது படித்ததும் ஆடிப் பார்த்ததும்தான் இந்தப் பதிவு.

முதலில் நமக்கெல்லாம் தெரிந்த ஒன்று. புக் கிரிக்கெட். புத்தகத்தை எங்கேயாவது திறந்து, இடது பக்க எண்ணின் கடைசி இலக்கம்தான் ரன். இடது பக்கம் எப்போதும் இரட்டை எண் என்பதால் வருவது ஐந்தே இலக்கங்கள்: 0, 2, 4, 6, 8. எங்கள் பள்ளியில் 0 அவுட், 8 வந்தால் ஒரு ரன். பக்கங்கள் சம வாய்ப்போடு திறந்தால் ஐந்து பந்துக்கு ஒரு விக்கெட், விக்கெட்டுக்குச் சராசரி 13 ரன். பத்து விக்கெட்டுக்கு 50 பந்தில் 130. அதாவது டி20 பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே நாம் எட்டு ஓவர் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தோம். (கட்டைவிரலால் பக்கத்தைத் தடவி 6 எடுக்கிறவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு பேர் உண்டு. அவர்கள் இந்தக் கணக்கில் சேர்த்தியில்லை.)

பந்துவீச்சு இல்லை, ஃபீல்டிங் இல்லை, ஆடுகளமே இல்லை. ஆனாலும் கடைசி விக்கெட்டில் நாலு ரன் வேண்டும் என்றால் கை நடுங்கும். கிரிக்கெட்டில் எப்போது வேண்டுமானாலும் எல்லாம் முடிந்துவிடலாம் என்கிற ஒரே ஒரு பயத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் தூக்கிப் போட்ட ஆட்டம் அது. குறை, ஆடுபவர் எடுக்க வேண்டிய முடிவு என்று எதுவும் கிடையாது.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு சப்யூட்டியோவுக்கு வருவோம். மேஜைக் கால்பந்து என்றால் உலகத்தில் பாதிப் பேருக்கு நினைவு வருவது இதுதான். இங்கிலாந்தில் பீட்டர் அடால்ஃப் என்பவர் உருவாக்கியது. பறவைப் பைத்தியம் உள்ள மனிதர். ஆட்டத்துக்கு 'ஹாபி' என்று பெயர் வைக்கப் பார்த்தார், பதிவு கிடைக்கவில்லை. அதே பெயருள்ள சிறு வல்லூறின் அறிவியல் பெயரிலிருந்து சப்யூட்டியோவை எடுத்துக்கொண்டார். ஆட்டமும் முழுக்க அவர் யோசனை இல்லை. லிவர்பூலில் 1929இலேயே நியூஃபுட்டி என்று ஒன்று வந்திருந்தது.

எனக்கு முக்கியமாகப் படுவது அவர் அதை விற்ற விதம். 1946 ஆகஸ்டில் ஒரு சிறுவர் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். அப்போது கையில் ஒரு செட்கூடத் தயாராக இல்லை. அவர் அமெரிக்காவில் இருந்தபோது, வீட்டுக்கு 7,500 பவுண்டுக்கு போஸ்டல் ஆர்டர் வந்து குவிந்திருப்பதாக அம்மாவிடமிருந்து செய்தி போனது என்பது பலமுறை சொல்லப்பட்ட கதை. செட்டுகள் 1947 மார்ச்சில் போய்ச் சேர ஆரம்பித்தன. கிக்ஸ்டார்ட்டர் தொடங்கியது 2009இல். அதற்கு அறுபது வருஷம் முன்னாடியே, இல்லாத பொருளுக்கு முன்பணம், ஏழு மாதத்தில் டெலிவரி!

அந்த முதல் செட்டில் என்ன இருந்தது? அட்டையில் வெட்டிய வீரர்கள், அவர்களை நிறுத்தப் பட்டனிலும் வாஷரிலும் செய்த அடிப்பாகம், கம்பியால் கோல்போஸ்ட், காகித வலை, ஒரு துண்டு சாக்பீஸ். மைதானம் கிடையாது. போர் முடிந்த சமயம், ராணுவக் கம்பளி பல வீடுகளில் கிடந்தது. அதை விரித்து நீங்களே கோடு போட்டுக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார். பாதி வேலை வாங்கியவன் தலையில்! ஆனால் ஆட்டம் முழுசாக இருந்தது. விரலால் சுண்ட வேண்டும், உங்கள் ஆள் பந்தைத் தொடும்வரை பந்து உங்களுடையது, தவறவிட்டால் எதிராளிக்கு. ஒரே ஆள் தொடர்ந்து மூன்று தடவைக்கு மேல் தொடக்கூடாது. கால்பந்திலிருந்து எடுத்துக்கொண்டது ஒன்றுதான், பந்து எந்த நொடியும் கைமாறும் என்கிற பதற்றம். புக் கிரிக்கெட்டில் இல்லாத முடிவெடுத்தலும் இங்கே உண்டு. இன்னொரு தட்டா, இப்போதே ஷாட்டா?

விளக்குக் கம்பம், கேலரி, நூற்றுக்கணக்கான அணிகளின் நிறம் எல்லாம் சப்யூட்டியோவிலும் வந்தது. பின்னாடி வந்தது, தனித்தனியாக விற்றது. ஆட்டம் பிடித்துப்போனவன் வாங்கினான்.

இன்றைய கிரவுட்ஃபண்டிங்கில் இந்த வரிசை தலைகீழ். பக்கத்தைத் திறந்தால் முதலில் தெரிவது பொம்மைகளின் படம். இலக்கைத் தாண்டினால் புது அணி, இன்னும் தாண்டினால் மழைக்கால மைதானம், அதுக்கும் மேலே போனால் நடுவர் பொம்மை. ஸ்ட்ரெட்ச் கோல் என்று இதற்குப் பெயர். எங்கள் தொழிலில் இதையே ஸ்கோப் க்ரீப் என்று திட்டுவோம். அங்கே கிளையன்ட் ஒருத்தர், இங்கே கிளையன்ட் மூவாயிரம் பேர், அத்தனை பேரும் முன்பணம் கட்டியவர்கள். பொம்மையைப் படத்தில் காட்ட முடியும், பதற்றத்தைக் காட்ட முடியாது. அதனால் எது படத்தில் விற்குமோ அது பெட்டிக்குள் ஏறும்.

செலவும் அதோடு ஏறும். கூரியரில் கன அளவுக்குத்தான் காசு: நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்தால் வருகிற கிலோ நிஜ எடையைவிட அதிகமானால் அதற்குத்தான் பில். 30க்கு 30, உயரம் 7 என்றால் 1.26 கிலோ. பொம்மைகளுக்காக உயரத்தை 15 ஆக்கினால் 2.7 கிலோ. உள்ளே இருப்பது காற்றாக இருந்தாலும் அதே கட்டணம்.

எதை விடுவது என்று தெரிந்து செய்த ஆட்டத்துக்கு நான் காட்டும் உதாரணம் ஃபிளாம் ரூஜ். டென்மார்க்கின் ஆஸ்கர் ஹார்டிங் கிரானெருட் வடிவமைத்து, பின்லாந்துப் பதிப்பகம் 2016இல் வெளியிட்ட சைக்கிள் பந்தயம். கிரவுட்ஃபண்டிங் இல்லை. ஆளுக்கு இரண்டு ஓட்டக்காரர்கள், ஒவ்வொருவருக்கும் பதினைந்து சீட்டு. ஒருவரிடம் 3 முதல் 7 வரை, சீரானவர். இன்னொருவரிடம் 2, 3, 4, 5, திடீரென்று 9. நாலு சீட்டு எடுத்து ஒன்றை ஆடினால் அந்தச் சீட்டு போனது போனதுதான். மூன்று 9 மட்டுமே இருக்கும்போது மூன்றாவதை எப்போது செலவழிப்பது? எல்லோரும் நகர்ந்தபின் முன்னால் இருப்பவருக்கும் உங்களுக்கும் நடுவே சரியாக ஒரு கட்டம் காலி என்றால் இலவசமாக ஒட்டிக்கொள்ளலாம். முன்னால் காற்றை வாங்கிக்கொண்டு போகிறவருக்கோ களைப்புச் சீட்டு ஒன்று, மதிப்பு 2. இவ்வளவுதான். கியர் இல்லை, பஞ்சர் இல்லை, ஸ்பான்சர் இல்லை. ஆனால் முன்னால் போகிறவன் களைப்பான், ஒளிந்து வருகிறவன் ஜெயிப்பான் என்கிற சாலைப் பந்தயத்தின் மொத்த அரசியலும் அந்த இரண்டு விதிக்குள் அடங்கிவிட்டது. என் கால்பந்துப் பெட்டியில் காயத்துக்கு ஒரு அட்டவணை, மழைக்கு ஒரு அட்டவணை. பந்தை யாருக்குத் தருவது என்று ஒரு தடவைகூட நான் தவித்ததில்லை.

கிரவுட்ஃபண்டிங்கில் வந்தாலே குப்பை என்று சொல்ல வரவில்லை. மைக் ஃபிட்ஸ்ஜெரால்டின் பேஸ்பால் ஹைலைட்ஸ் 2045 கிக்ஸ்டார்ட்டரில் வந்ததுதான். ஒரு மேட்சுக்கு ஆளுக்கு ஆறே சீட்டு, ஒன்பது இன்னிங்ஸ் அதற்குள் முடிந்துவிடும், தொலைக்காட்சியில் ஹைலைட்ஸ் பார்க்கிற மாதிரி. பெயரிலேயே எதை விட்டோம் என்று சொல்லிவிட்டார். மேட்சுக்கு நடுவே புது ஆட்டக்காரரை வாங்கினால் பழையவர் ஒருத்தரை அனுப்பியாக வேண்டும், கட்டு எப்போதும் பதினைந்து சீட்டுதான். இந்தக் கட்டுப்பாட்டை விதியிலேயே எழுதி வைத்ததால்தான் பிழைத்தது என்று நினைக்கிறேன்.

சரி, என் சடுகுடு. தற்காப்பவர் ஏழு சீட்டைக் கவிழ்த்து அரைவட்டமாக அடுக்குவார். ரெய்டு வருபவர் ஒவ்வொன்றாகத் திருப்பலாம். தொடு சீட்டு என்றால் புள்ளி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சங்கிலிச் சீட்டு திறந்துவிட்டால் பிடிபட்டார். எப்போது வேண்டுமானாலும் திரும்பிவிடலாம். ஆனால் திருப்பும் நேரம் முழுக்க ஒரே மூச்சில் 'சடுகுடு சடுகுடு' என்று நிஜமாகவே பாட வேண்டும். மூச்சு விட்டால் அவுட். போனஸ் கோடு, சூப்பர் டேக்கிள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். மணல் கடிகாரமும் வேண்டாம், நுரையீரல்தான் கடிகாரம். பாட்டு வகுப்புக்குப் போகிற என் பெண் எல்லோரையும் துவைத்து எடுக்கிறாள்.

காலேஜ் நண்பன் பார்த்துவிட்டுச் சொன்னான்: "டேய், ஆட்டம் நல்லாத்தான் இருக்கு. பொம்ம இல்லாம எவன்டா காசு போடுவான்?" அவன் சொன்னதில் தப்பில்லை. பதினாலு பொம்மைக்கு விலை விசாரித்து, பக்கத்தில் சேர்த்தும் விட்டேன். 'இருவர் ஆடும் ஆட்டம்' என்று தலைப்பில் போட்டேன்.

அடுத்த வாரம் ஆபீசில் ஐந்து பேரோடு ஆடிப் பார்த்தேன். டீமில் புதுசாகச் சேர்ந்த பையன் முதல் ரெய்டிலேயே பாதியில் நிறுத்தினான். "அண்ணா, எனக்கு வீசிங் இருக்கு. நான் ஸ்கோர் எழுதுறேன், நீங்க ஆடுங்க." ரொம்பச் சாதாரணமாகச் சொன்னான். பள்ளி மைதானத்திலும் இப்படித்தான் ஓரமாக உட்கார்ந்து ஸ்கோர் எழுதியிருப்பான் என்று தோன்றியது. இரண்டு வருஷத்தில் இது எனக்கு உறைக்கவே இல்லை.

அப்புறம் பக்கத்தில் இருந்த பெண் சொன்னாள், "நான் பாடுறேன், நீ திருப்பு." பாடுகிறவருக்கு மூச்சு முட்டுகிறது, திருப்புகிறவருக்கு இன்னும் ஒரு சீட்டு ஆசை. ஒருவர் தோளை ஒருவர் தட்டி 'வா, திரும்பு' என்று கெஞ்சுவதும், அவன் கேட்காமல் இன்னொன்றைத் திறப்பதும்... மூச்சும் கையும் ஒரே ஆளிடம் இருந்தபோது இந்தச் சண்டை கிடையாது. நாலு பேர் ஆட்டமாக மாறியதும் அது வேறு ஆட்டம்.

பொத்தானை அதற்கு முந்தைய வாரம் அழுத்தியிருந்தால்? பணம் கட்டியவர்களுக்கு இருவர் ஆட்டம், பதினாலு பொம்மை என்று சொன்னதைத்தான் கொடுத்திருப்பேன். அந்தக் கால்பந்துப் பெட்டிக்காரர்களும் பணம் வந்தபின் ஏதோ ஒரு சாயங்காலம், ஆடிக்கொண்டிருக்கும்போது, ஆட்டத்தை மாற்ற வேண்டும் என்று உணர்ந்திருக்கலாம். அதற்குள் அச்சு வார்த்திருப்பார்கள்.

இப்போதைக்குப் பொம்மைகளை எடுத்துவிட்டேன். பக்கம் டிராஃப்டில்தான் கிடக்கு. தெருமுனை பிரஸ்ஸில் நாற்பது கட்டு சீட்டு மட்டும் அடிக்கக் கொடுத்திருக்கிறேன், கைக்காசு. அரைவட்டக் கோட்டுக்கு சாக்பீஸ் ஒரு துண்டு உள்ளே போடலாமா என்று யோசனை. மூச்சு விட்டாரா இல்லையா என்கிற தகராறுக்கு இன்னும் விதி கிடைக்கவில்லை. என் பெண் மூக்கால் இழுப்பது யாருக்கும் தெரிவதில்லை என்பது நேற்றுத்தான் தெரிந்தது.