கண்ணும் வாளும்: ஜேம்ஸ் பொண்ட் படவரிசை பற்றிய ஒரு மதிப்பீடு

கலைப்படைப்பொன்றை மதிப்பிடப் புகுவார்க்கு முதற்கண் வேண்டப்படுவது அளவுகோல். அளவுகோலின்றி 'இது நன்று, அது தீது' எனக் கூறுதல் தன் சுவையைக் கூறுதலேயன்றித் திறனாய்வு ஆகாது. ஆங்கில ஒற்றனாகிய ஜேம்ஸ் பொண்டைத் தலைவனாகக் கொண்டு, 1962 ஆம் ஆண்டிலே 'டொக்டர் நோ' என்னும் படத்துடன் தொடங்கி 2021 ஆம் ஆண்டிலே வெளிவந்த 'நோ டைம் டு டை' வரை, இயோன் நிறுவனத்தார் ஆக்கிய படங்கள் 25. தலைவன் வேடம் பூண்ட நடிகர் அறுவர். உலகெங்கணும் இரசிகர் இப்படங்களை வரிசைப்படுத்தி மகிழ்கின்றனர். எந்த நடிகர் எழிலுடையார், எந்த வாகனம் விரைவுடையது, எந்தப் பாடல் இனியது என்பனவே பெரும்பாலும் அவர்தம் அளவுகோல்கள். இப்படங்களைப் பள்ளி விடுமுறை நாள்களில் முதலிலிருந்து முறையாக மீண்டும் பார்த்து முடித்த யாம் வேறோர் அளவுகோலைக் கையாள விழைந்தோம். அது திருக்குறட் பொருட்பாலில் ஐம்பத்தொன்பதாம் அதிகாரமாக அமைந்த 'ஒற்றாடல்'.

திரைப்படக் கேளிக்கையை வள்ளுவர் வாய்மொழியால் அளத்தல் தகுமோ எனச் சிலர் வினவுதல் கூடும். பிறமொழிக் கலையைத் தமிழ் மரபின் துணைகொண்டு நோக்குதல் இம்மண்ணுக்குப் புதிதன்று. காரைதீவிலே தோன்றிய விபுலாநந்த அடிகள், 1926 ஆம் ஆண்டில் வெளிவந்த 'மதங்கசூளாமணி' என்னும் நூலிலே, தாம் செகசிற்பியார் என வழங்கிய ஆங்கிலப் புலவரின் நாடகங்களைத் தமிழ் நாடக மரபோடு இயைத்து ஆராய்ந்தார். அடிகள் எடுத்துக்கொண்டது பேரிலக்கியம். யாம் எடுத்துக்கொண்டது பொழுதுபோக்கு. எனினும், கற்றோரும் மற்றோரும் ஒருங்கே பார்த்து மகிழும் ஒன்று மக்கள் மனத்திலே எதை விதைக்கின்றது என்று ஆராய்தல் கற்பிக்கும் தொழிலில் உள்ளார்க்குக் கடமையாகும்.

ஒற்றாடல் அதிகாரம் கூறுவனவற்றைச் சுருங்கக் காண்பாம். ஒற்றனும் நீதிநூலும் அரசனுக்கு இரு கண்கள். அரசனிடம் பணிபுரிவார், அவன் உறவினர், அவன் பகைவர் என்ற வேறுபாடின்றி எல்லாரையும் ஆராய்பவனே ஒற்றன். அவன் பிறர் ஐயங்கொள்ளாத வேடம் பூணுதல் வேண்டும்; உற்று நோக்குவார்க்கு அஞ்சாதிருத்தல் வேண்டும்; எந்நிலையிலும் உள்ளத்திலுள்ளதை வெளிவிடாதிருத்தல் வேண்டும். ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்த்தல் வேண்டும். ஒருவரையொருவர் அறியாத மூவர் கூற்று ஒத்தபின்னரே அதனை மெய்யெனக் கொள்ளுதல் வேண்டும். ஒற்றனுக்குச் செய்யும் சிறப்பைப் பலரறியச் செய்தலாகாது. கௌடிலியரின் அர்த்தசாத்திரமும் மூவர் கூற்று ஒத்தலை வற்புறுத்துகின்றது.

இப்பத்துக் குறள்களிலும் காணப்படாத ஒன்று உண்டு. ஒற்றன் கையில் வாள் இல்லை. அவன் காண்பவன், கேட்பவன், வந்து கூறுபவன், தண்டம் அவனுடையதன்று. மேலும், இவ்வதிகாரம் ஒற்றனை நோக்கிக் கூறப்பட்டதினும் ஒற்றனை ஆள்வோனை நோக்கியே பெரிதும் கூறப்பட்டது. காண்பதற்கும் தண்டிப்பதற்கும் இடையிலே ஆராய்ச்சி என்னும் வேலியை வள்ளுவர் இட்டார். பொண்டின் 007 என்னும் இலக்கத்தில் முன்னிற்கும் இரு சுழிகளோ, கொல்வதற்கு அவன் பெற்ற உரிமத்தைக் குறிப்பன. கண்ணையும் வாளையும் ஒருவனிடமே ஒப்படைத்தமையே இப்படவரிசையின் அடிப்படை. அவ்விரண்டையும் மீண்டும் பிரித்துப் பார்க்க எந்தப் படம் துணிகின்றதோ, அதுவே உயர்ந்த படம் என்பது எமது அளவுகோல்.

முதலில் வேடத்தை எடுத்துக்கொள்வோம். 'டொக்டர் நோ'விலே ஷோன் கொனறி சீட்டாட்ட மேசையிலிருந்து, குடிப்பெயரை முன்னும் முழுப்பெயரைப் பின்னுமாகக் கூறி அறிமுகமாகின்றார். அன்றுதொட்டு அவ்வறிமுகமே பொண்டின் முத்திரையாயிற்று. இஃது ஒற்றன் இயல்பன்று. எமது மட்டக்களப்புக் கூத்திலே களரியேறும் அரசன் தன் வரவிலே பெயரும் பெருமையும் கூறி ஆடுகின்றானே, அவன் இயல்பு. கூத்தரசனை அவையோர் அறிதல் வேண்டும். ஒற்றனை எவரும் அறிதலாகாது. 1985 ஆம் ஆண்டின் 'எ வியூ டு எ கில்' படத்திலே சோவியத்து நாட்டின் லெனின் விருதே பொண்டுக்கு வழங்கப்படுகின்றது. ஒற்றனைப் பலரறியச் சிறப்பிக்கலாகாது என்ற விதி, பகைநாட்டாராலேயே இங்கு மீறப்படுகின்றது!

இதற்கு மாறான ஒருவரை 1983 ஆம் ஆண்டின் 'ஒக்டோபுசி'யிலே காண்கின்றோம். இப்படத்தின் ஒரு பகுதி இராசத்தானத்து உதயப்பூரிலே படமாக்கப்பட்டது. சென்னையைச் சேர்ந்த டென்னிசு வீரர் விஜய் அமிர்தராஜ் இதிலே பொண்டின் துணை ஒற்றனாக, பாம்பாட்டி வேடத்தில் தோன்றுகின்றார். பொண்டின் வருகைக்குக் குறியாக அவர் மகுடியில் ஊதுவது பொண்டு படங்களுக்குரிய இசையே. நகைச்சுவைக்காக அமைத்த காட்சியாயினும், அங்கே ஒற்றாடல் அதிகாரத்துக்கு இயைந்த வேடம் அவருடையதே. ஆனால் கதை அவரை இடைவழியிலே கொன்றுவிடுகின்றது. வேடம் பூண்டவன் இறக்க, பெயர் கூறித் திரிந்தவன் வெல்கின்றான்.

தமிழ்த் திரையும் இப்பாத்திரத்தின் ஆரவாரத்தையே விரும்பி ஏற்றது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தார், ஆர். சுந்தரம் இயக்கத்திலே 'வல்லவன் ஒருவன்' (1966), 'சி.ஐ.டி. சங்கர்' (1970) முதலிய படங்களை ஆக்கினர். அவற்றில் நடித்த ஜெய்சங்கர் 'தென்னகத்து ஜேம்ஸ் பொண்ட்' எனப் புகழ்பெற்றார். இதில் ஒரு வியப்பு உண்டு. 'வல்லவன் ஒருவன்' தழுவியது பொண்டின் கதையையன்று; ஓ.எஸ்.எஸ். 117 என்னும் ஒற்றனைப் பற்றிய பிரெஞ்சுப் படமொன்றை. சான் புரூஸ் என்னும் பிரெஞ்சு எழுத்தாளர் அவ்வொற்றனைப் படைத்தது 1949 ஆம் ஆண்டில். இயன் பிளெமிங் பொண்டைப் படைத்த முதல் நாவல் வெளிவந்தது 1953 ஆம் ஆண்டில். எனவே எம்மவர் 'பொண்ட்' எனக் கொண்டாடியவன் பொண்டுக்கு மூத்தவனின் வழிவந்தவன். அன்றியும், ஒற்றன் என்ற சொல்லை விடுத்துச் 'சி.ஐ.டி.' என்ற சொல்லைத் தமிழ்த் திரை மேற்கொண்டமையால், காண்பவனும் பிடிப்பவனும் ஒருவனே என்ற எண்ணம் எம்மிடையே மேலும் வேரூன்றியது.

இனி, இவ்வளவுகோலுக்கு நாம் ஏன் இத்துணை முதன்மை கொடுக்கின்றோம் என்பதைக் கூறுதல் வேண்டும். 1983 முதல் 2009 வரை நீண்ட போர்க்காலத்தில் வடக்கிலும் கிழக்கிலும் வாழ்ந்தார்க்கு ஒற்று என்பது கதைப்பொருளன்று. சுற்றிவளைப்பு நடந்த நாள்களில் ஆடவர் வரிசையாக நிறுத்தப்படுவர். முகம் மறைத்த ஒருவன் முன் ஒவ்வொருவராகச் செல்வர். அவனைத் 'தலையாட்டி' என்றே மக்கள் அழைத்தனர். அவன் தலை அசைந்தால் ஒருவன் வாழ்வு திசைமாறிற்று. அசையாவிட்டால் வீடு திரும்பினான். அவ்வசைவை மற்றொருவரைக் கொண்டு சரிபார்த்தவர் யார்? மறுபுறத்திலே, 'காட்டிக்கொடுத்தவன்' என்ற ஒரு சொல்லினால் மின்கம்பங்களிலே கட்டப்பட்டு உயிரிழந்தோரும் உளர். அவர்களைப் பற்றிய செய்தியை மூவர் தனித்தனியே ஒத்துரைத்தனரா? மூவர் கூற்று ஒத்தபின் துணிக என்ற விதியை அரசியல் நுட்பமாக மட்டும் பள்ளியில் கற்பிக்கின்றோம். அது குற்றமற்றான் ஒருவனைக் காக்கும் அருள்விதியுமாகும் என்பதை எம் தலைமுறை ஏட்டுக்கு வெளியே கண்டறிந்தது. ஆகவே, கொல்லும் உரிமத்தைக் கைக்கொண்ட ஒருவனைத் திரையிலே கண்டு கைதட்டும்போது, அவன் யார் சொல்லை நம்பிக் கொல்கின்றான் என்று கேட்பது எமக்கு இயல்பாயிற்று.

இவ்வினாவை முன்வைத்து வரிசையைக் காண்பாம்.

முதலிடம் பெறுவது 1987 ஆம் ஆண்டின் 'த லிவிங் டேலைற்ஸ்'. திமதி டோல்டன் பொண்டாக நடித்த முதற்படம் இது. சோவியத்து நாட்டினின்றும் தப்பிவரும் கொஸ்கோவ் என்னும் தளபதியைக் காக்கும் பணியிலே, சன்னலில் துப்பாக்கியுடன் நிற்கும் ஒரு பெண்ணைப் பொண்ட் காண்கின்றான். கொல்லுதல் அவனுக்கு இடப்பட்ட கட்டளை. அவள் தொழில்முறைக் கொலையாளி அல்லள் எனக் கண்டதும் அவளைக் கொல்லாது துப்பாக்கியை மட்டும் சுடுகின்றான். பின்னர், புஷ்கின் என்னும் சோவியத்துத் தளபதியே ஒற்றரைக் கொல்விக்கின்றான் எனக் கொஸ்கோவ் கூற, மேலதிகாரி அதனை நம்பிப் புஷ்கினைக் கொல்லப் பணிக்கின்றார். பொண்ட் ஐயுறுகின்றான், அப்பெண்ணைத் தேடிச் சென்று உண்மையை ஆராய்கின்றான், புஷ்கினையே நேரிற் கண்டு வினவுகின்றான், அவனைக் கொன்றதுபோல் நடித்து மெய்ப்பகைவனை வெளிப்படுத்துகின்றான். ஓர் ஒற்றன் சொல்லை மற்றொன்றால் சரிபார்த்தல் என்பதே இக்கதையின் உயிர்நாடி. ஆயுத வணிகனாக வரும் தீயோன் வலியற்ற பாத்திரம் என்பதும், ஆப்கானித்தானத்துப் பகுதி நீட்சியுடையது என்பதும் உண்மையே. எனினும் வாளை ஓங்கியவன் கண்ணைத் திறந்து பார்த்த படம் இதுவாகலின் முதலிடம் தகும்.

இரண்டாவது 'ஃப்ரொம் ரஷ்யா வித் லவ்' (1963). மறைகுறி உடைக்கும் பொறியொன்றைக் கொணர்வதாகச் சோவியத்துத் தூதரகப் பெண்ணொருத்தி கூறும் செய்தியைப் பொறியாக இருக்கலாம் என ஐயுற்றே பொண்டும் மேலோரும் ஏற்கின்றனர். இதிலே சிறந்த வேடம் எதிரியுடையது. கிராண்ட் என்னும் கொலையாளி, உரிய அடையாளச் சொல்லைக் கற்று, ஆங்கில ஒற்றனாகவே புகைவண்டியில் வந்து சேர்கின்றான். மீனுணவோடு சிவந்த மதுவைக் கேட்ட சிறு பிழையே அவனை ஐயத்துக்குள்ளாக்கியிருக்க வேண்டியது. வேடமும் ஐயமும் கத்தியின் இரு முனைபோல் இப்படத்தில் நிற்கின்றன.

மூன்றாவது 'ஒன் ஹேர் மெஜஸ்டீஸ் சீக்ரெட் சேர்விஸ்' (1969). ஜோர்ஜ் லேசன்பி நடித்த ஒரே படம். வம்சாவளி ஆராய்வோனாக வேடம் பூண்டு பகைவன் மலைக்கோட்டையில் வாழும் பொண்ட், பழங்கல்லறைகள் பற்றிய சிறு தவறொன்றினால் வெளிப்படுகின்றான். பின்னர் மணந்த மனைவியை அன்றே இழக்கின்றான். ஒற்றன் வாழ்வுக்கு விலை உண்டு என உரைத்த படம் இது.

நான்காவது 'ஸ்கைஃபோல்' (2012). மறைந்து பணியாற்றும் ஒற்றர் பெயர்ப்பட்டியல் களவு போகின்றது. பெயர் வெளியானோர் இறக்கின்றனர். பெயரைத் தானே கூறித் திரிந்த தலைவனின் படவரிசையே, பெயர் வெளிப்படுதல் மரணம் என ஐம்பதாம் ஆண்டில் ஒப்புக்கொள்கின்றது. பகைவனோ தலைமையால் முன்னொருநாள் கைவிடப்பட்ட பழைய ஒற்றன்.

ஐந்தாவது 'கசினோ றோயல்' (2006). கலைநயத்தால் இதனை முதலிடத்தில் வைப்போர் பலர். அவரோடு யாம் மாறுபடுவது அளவுகோலால் மட்டுமே. பகைவன் கூறிய ஒரு சொல்லை நம்பி மத்திஸ் என்னும் நண்பனைப் பொண்ட் சிறைப்படுத்துவிக்கின்றான்; அருகிருந்த வெஸ்பரை ஆராயாது நம்புகின்றான். மத்திஸ் குற்றமற்றவன் என்பது 2008 ஆம் ஆண்டின் அடுத்த படத்திலே தெளிவாகின்றது. ஆராயாமையின் கேட்டைக் காட்டுதலால் இப்படம் ஐந்தனுள் இடம்பெறும். அக்கேட்டை ஒரு நண்பனின் துன்பமாக நின்று காட்டாது விரைந்து கடந்தமையால் மேலேறாது.

பெரும்புகழ் பெற்ற 'கோல்ட்ஃபிங்கர்' (1964) எம் வரிசையில் இடைநிலையே பெறும். அதன் பிற்பகுதியிலே பொண்ட் சிறைப்பட்டவன். இறுதியில் அணுகுண்டை நிறுத்துபவனும் பொண்ட் அல்லன். பார்க்க இனிய படமாயினும் ஒற்றுத்தொழில் அதிற் சிறிது. அடிநிலையில் நிற்பன இரண்டு. 'மூன்றேக்கர்' (1979) ஒற்றனை விண்வெளிக்கு ஏற்றிப் படைவீரனாக்கிற்று. 'டை அனதர் டே' (2002) கண்ணுக்குத் தெரியாத மோட்டார் வண்டியைக் கொடுத்தது. ஒற்றன் மறைய வேண்டிய இடத்திலே வண்டி மறைகின்றது.

இவ்வரிசையை எல்லாரும் ஏற்க வேண்டும் என்பது எம் கருத்தன்று. மாணவர் இப்படங்களைப் பாராதிருக்க வேண்டும் என்பதும் அன்று. பார்ப்பர், பார்த்து மகிழ்வர், யாமும் மகிழ்ந்தோம். அவர்பால் வேண்டுவது ஒன்றே. திரையிலே துப்பாக்கி உயரும்போது, 'இச்செய்தியைக் கூறியவர் யார்? அதைச் சரிபார்த்தவர் யார்?' என்னும் இரு வினாக்களை உள்ளத்தில் எழுப்புக. அவ்வினாக்களுக்கு விடை தரும் படங்களை மேலும், விடை தராதனவற்றைக் கீழும் வைத்து, தத்தம் வரிசையைத் தாமே ஆக்குக. அவ்வரிசை எம் வரிசையோடு மாறுபடினும், வள்ளுவர் இட்ட வேலியை உணர்ந்த வரிசையாக அது அமையும்.