திருநாவலூரார் தோற்ற வழக்கு

முடிவு தெரிந்த கிரிக்கெட் ஆட்டத்தைப் பதிவில் பார்ப்பவர் பாதியிலேயே எழுந்துவிடுவார். திருநாவலூர் நம்பியாரூரர் (சுந்தரர்) வழக்கில் தோற்ற கதையோ, 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணம் பாடிய நாள் முதல், முடிவு தெரிந்தவர்கள் முன்னால்தான் சொல்லப்பட்டு வருகிறது. கிழவராக வந்தவர் சிவன் என்பது சொற்பொழிவு கேட்கும் கூட்டத்தில் இருக்கும் குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் ஓலை கிழிபடும் இடத்தில் கூட்டம் நிமிர்ந்து உட்காருகிறது.

இடம் புத்தூர், சடங்கவி சிவாசாரியாரின் மகளுக்கும் ஆரூரருக்கும் திருமணம். முதிய அந்தணர் ஒருவர் பந்தலுக்குள் வந்து, மாப்பிள்ளை தமக்குப் பரம்பரை அடிமை, அதற்கு ஆளோலை (அடிமை ஆவணம்) இருக்கிறது என்கிறார். ஆரூரர் சிரிக்கிறார். அந்தணர் அந்தணருக்கு அடிமையாவது எங்கே உண்டு என்பது அவருடைய கேள்வி. அவர் கையில் இருந்த நல்ல ஆயுதம் அதுதான். ஆனால் அடுத்த நொடியே ஓடிப்போய் ஓலையைப் பறித்துக் கிழிக்கிறார். செல்லாத ஓலையைக் கிழிக்க வேண்டிய தேவை என்ன? ஆட்டம் அங்கேயே கைமாறிவிட்டது.

வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. அனுபவ ஆட்சி, ஆவணம், அயலார் சாட்சி என்ற மூன்றில் ஒன்றைக் காட்டச் சொல்கிறார்கள். கிழிந்தது படியோலை, மூலவோலை பத்திரமாக இருக்கிறது என்கிறார் முதியவர். அதில் உள்ள ஆரூரருடைய பாட்டனாரின் கையெழுத்தை, அவர் எழுதிக் காப்பில் கிடந்த வேறோர் ஓலையோடு ஒப்பிடுகிறார்கள். பொருந்துகிறது. மணக்கோலத்தில் வந்தவர் அடிமையாகிறார்.

பணம், சொத்து, திருமணம் போன்றவை எல்லாரும் ஏற்பதால்தான் நிலைக்கின்றன என்று அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் சர்ல் 1995இல் வெளியான நூலில் வாதிட்டார். அதற்கு இந்த அவையைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது. ஆரூரரின் உடம்பில் எதுவும் மாறவில்லை; அவை ஏற்றுக்கொண்டது, அவ்வளவுதான். இறைவனும் நெற்றிக்கண்ணைக் காட்டி வெல்லவில்லை, ஊர் முறைக்குக் கட்டுப்பட்டே வாதாடுகிறார். தம்மையும் தம் வழியினரையும் கோயிலுக்கு விற்றவர்களைப் பற்றிச் சோழர் காலக் கல்வெட்டுகளே பேசுகின்றன. அந்த நாளில் கேட்டவர்களுக்கு ஆளோலை வெறும் கற்பனை அல்ல.

கதையில் வருவது நமக்கு நேரவில்லை என்று தெரிந்தும் ஏன் பதறுகிறோம்? பார்வையாளர் பாவனை விளையாட்டில் கலந்துகொள்கிறார், அவருடைய பயமும் அந்த விளையாட்டைச் சேர்ந்ததே என்றார் தத்துவ அறிஞர் கெண்டல் வால்டன் (1978). திகில் படத்துக்கு இது சரி. இங்கே போதாது; அடியாருக்கு இது பாவனை அல்ல, நடந்த செய்தி. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் இன்னும் உதவும். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டையும் அது உடம்பில் தெரியும் குறிகளாகவும் அவை பிறக்கும் காரணங்களாகவும் பார்க்கிறது. பந்தலில் ஆரூரரின் நகை வெகுளியாகிறது; முதியவர் திருவருட்டுறைக் கோயிலுக்குள் நுழைந்து மறையும்போது எல்லாருக்கும் மருட்கை. இந்த மாற்றங்களைக் கேட்கத்தான் கூட்டம் வருகிறது. தீர்ப்பு அவர்களுக்கு இரண்டாம் பட்சம்.

'திருவருட்செல்வர்' (1967) படத்தில் சிவாஜி கணேசன் சுந்தரராக நடித்தார். நட்சத்திரத்தின் முகம் திரையை நிறைக்கும்போது பார்ப்பவர் அவர் பக்கம் சாயாமல் இருப்பது கடினம். மேடையில் சொற்பொழிவாளரோ ஒரே குரலில் இரு தரப்பும் பேச வேண்டியிருப்பதால் கேட்பவர் நீதிபதியின் இடத்தில் அமர்கிறார். இந்தக் கதைக்கு அதுவே பொருத்தம்.

மணப்பெண்ணின் வழக்கை மட்டும் எந்த அவையும் விசாரிக்கவில்லை. சடங்கு முடியாததால் அவரை மனைவி என்று சொல்ல ஆவணமோ ஆட்சியோ சாட்சியோ இல்லை. ஆரூரர் பின்னாளில் திருவாரூரில் பரவையாரையும் திருவொற்றியூரில் சங்கிலியாரையும் மணந்தார். புத்தூர்ப் பெண் அவரையே நினைந்து வாழ்ந்து சிவனடி சேர்ந்ததாகச் சேக்கிழார் சுருக்கமாக முடிக்கிறார். மேடையிலும் இந்த இடம் ஒரே மூச்சில் கடந்துபோகிறது. அங்கே சற்று நின்றால் கூட்டத்தின் அழுகை வேறு பக்கம் சாய்ந்துவிடும்.