வயதறியாப் பிழையும் பிரின்ஸ் வழக்குத் தீர்ப்பும்

தீர்ப்புரைகள் வழக்கறிஞர்க்கே உரியவை என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் ஒரு நூற்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, இதில் சொல்லியது இது, சொல்லாது விட்டது இது, விட்டதற்குக் காரணம் இன்னதாகலாம் என்று பொருள் காண்பது தமிழாசிரியர்க்குப் பழகிய தொழில். ஒரே நூற்பாவுக்கு இளம்பூரணரும் சேனாவரையரும் வேறு வேறு பொருள் கண்டதை மாணவர்க்கு எடுத்துரைக்கும் ஆசிரியப் பெருமக்கள், ஒரே சட்டப் பிரிவுக்குப் பதினாறு நீதிபதிகள் பொருள் கண்ட இடத்தையும் ஒருமுறை படித்துப் பார்க்கலாம். இங்கிலாந்தில் 1875-ஆம் ஆண்டு தீர்ந்த பிரின்ஸ் வழக்கே அது.

1861-ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் 55-ஆம் பிரிவு, பதினாறு வயது நிரம்பாத, மணமாகாத பெண்ணை, அவள் தந்தை, தாய் அல்லது சட்டப்படி அவளைப் பேணுபவர் வசமிருந்து, அவர்தம் விருப்பத்திற்கு மாறாக, சட்டவிரோதமாகக் கொண்டு செல்வது குற்றம் என்றது. பிரின்ஸ் என்பவன் ஒரு பெண்ணை அவ்வாறு அழைத்துச் சென்றான். அவளுக்கு வயது 14. தனக்கு 18 என்று அவள் அவனிடம் சொல்லியிருந்தாள். வயதுக்கு மிஞ்சிய வளர்த்தியும் அவளுக்கு இருந்தது. அவன் அதை உண்மையாகவே நம்பினான், நம்புவதற்கு நியாயமும் இருந்தது என்று ஜூரிமார் கண்டனர். அங்ஙனமாயினும் அவன் குற்றவாளியா? பதினைந்து நீதிபதிகள் ஆம் என்றனர். பிரெட் ஒருவரே இல்லை என்றார்.

பதினைந்து பேர் ஒரே முடிவுக்கு வந்தனர் எனினும் ஒரே வழியில் வரவில்லை. பிளாக்பர்ன் உரையைப் பத்துப் பேர் ஏற்றனர்; பிராம்வெல் உரையை எட்டுப் பேர் ஏற்றனர். கணக்குப் போட்டுப் பார்த்தால் இரண்டுக்கும் ஒப்பம் இட்டவர்கள் சிலர் இருந்தமை புலப்படும். இரு உரைகளும் ஒன்றையொன்று தாங்குபவை அல்ல என்பதைப் படிப்பவர் எளிதில் காணலாம்.

பிளாக்பர்னின் முதன்மையான வாதம் இது. அதே சட்டத்தின் 50-ஆம் பிரிவு பத்து வயதுக்குட்பட்ட சிறுமியைக் கெடுப்பதைப் பெருங்குற்றமாகவும், 51-ஆம் பிரிவு பத்துக்கும் பன்னிரண்டுக்கும் இடைப்பட்டவளைக் கெடுப்பதைச் சிறுகுற்றமாகவும் வகுத்தன. வயதில் பிழைபட்டவனை விடுவிப்பதென்றால், ஒன்பது வயதுச் சிறுமியைப் பதினொன்று என நம்பியவன் இரண்டிலும் அகப்படாமல் தப்புவான். அவன் நம்பிக்கையால் முதற்பிரிவு பற்றாது. அவளது உண்மை வயதால் இரண்டாவது பற்றாது. இப்படியொரு முடிவைச் சட்டமியற்றியோர் கருதியிருக்க இயலாது. ஆகவே வயது பற்றிய நம்பிக்கை எங்குமே செல்லாது என்பது அவர் துணிபு.

முதல் வாசிப்பில் இது அசைக்க முடியாத வாதமாகவே தோன்றும். பிரெட்டின் உரையைப் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் ஓட்டை தெரியும். பிரெட் எல்லாப் பிழையையும் மன்னிக்கச் சொல்லவில்லை. ஒருவன் நியாயமாக நம்பியபடியே உண்மையும் இருந்திருந்தால் அவன் செய்கை எந்தக் குற்றமுமே ஆகாது என்ற நிலையில்தான் பிழை விடுதலை தரும் என்று அவர் எல்லை கட்டினார். பதினொரு வயது என்று நம்பிய கயவன், தன் நம்பிக்கையின்படியே குற்றவாளி. பிரெட்டின் விதியில் அவன் ஒளிய இடமில்லை. பிளாக்பர்ன் வீழ்த்தியது பிரெட் கூறாத ஒரு கட்சியை. பிறன்கோள் மறுக்கப் புகுவோர் அக்கோளை முதலில் உள்ளபடி கூறவேண்டும் என்பது நம் உரைமரபு. அந்த ஒழுங்கை இங்கே காணோம்.

பிராம்வெல் உரை வேறு வகையானது. சட்டம் தடுத்தாலும் தடுக்காவிட்டாலும் தந்தையின் ஒப்புதலின்றிப் பெண்ணை அழைத்துப் போவது தன்னளவிலேயே தவறு. தவறு செய்யத் துணிந்தவன் வயதுக்கணக்கு பிழைத்ததற்கும் தானே பொறுப்பு என்றார் அவர். ஊரில் பலர் இதற்குத் தலையசைப்பர். நானும் பெண்களைப் பெற்றவனாகையால் பாதி அசைப்பேன். ஆயினும் ஒழுக்கத் தவறு வேறு, குற்றம் வேறு. இரண்டுக்கும் இடையிலுள்ள வேலியை எங்கே போடுவது என்பதைச் சட்டமன்றம் முடிவு செய்யவேண்டும். அது பதினாறு என்று போட்டது. பதினாறு கடந்தவளை அழைத்துச் செல்வதைக் குற்றமாக்காத சட்டத்தை வைத்துக்கொண்டு, அதையும் அரைக் குற்றம்போல் நடத்துவது உரை காண்பதன்று, நூற்பாவைத் திருத்துவது.

இனி நான் முக்கியமாகக் கருதும் இடத்துக்கு வருகிறேன். தந்தை ஒப்புக்கொண்டார் என்று பிழையாக நம்பி அழைத்துச் சென்றவனை விடுவிக்கலாம் என்கிறார் பிராம்வெல். அவள் யாருடைய வசத்திலும் இல்லை என்று எண்ணியவனையும் அவ்வாறே. 1869-இல் ஹிப்பர்ட் வழக்கிலும் அப்படியே நடந்தது: தெருவில் சந்தித்த பெண் தந்தையின் பாதுகாப்பில் உள்ளவள் என்று அவன் அறிந்திருந்தமை மெய்ப்பிக்கப்படாததால் தண்டனை நீங்கியது. ஆக, தந்தையைப் பற்றிய பிழை மன்னிக்கத்தக்கது. பிள்ளையின் வயதைப் பற்றிய பிழை மன்னிக்கத்தகாதது. இவ்விரண்டையும் அருகருகே வைத்தால் அச்சட்டம் எதைக் காத்தது என்பது விளங்கும். 'வசம்' என்ற சொல்லை நோக்குக. பொருளுக்கு ஆளும் சொல்லைப் பெண்ணுக்கு ஆண்டிருக்கிறார்கள். யாருடைய விருப்பத்திற்கு மாறாக என்றால், பெற்றோர் விருப்பத்திற்கு. அவள் விரும்பினாளா, அஞ்சினாளா, அவளுக்கு நேர்ந்தது என்ன என்பதற்கு அப்பிரிவில் இடமில்லை. சிறாரைக் காக்கும் சட்டங்களுக்கெல்லாம் பிரின்ஸ் தீர்ப்பே முன்னோடி என்று காட்டுவோர் இதைச் சற்றே எண்ணவேண்டும்.

பின்வந்த வரலாறு ஊஞ்சல்போல் ஆடியிருக்கிறது. 1885-இல் ஸ்டெட் என்னும் பத்திரிகையாசிரியர் சிறுமியர் விற்கப்படும் கொடுமையை வெளியிட்டு நாட்டை உலுக்கியபின், ஒப்புதல் வயது 13-இலிருந்து 16-க்கு உயர்ந்தது. ஆனால் அதே சட்டம் நியாயமான நம்பிக்கையை எதிர்வாதமாகவும் அனுமதித்தது. 1922-இல் அதை 23 வயதுக்கு மேற்படாத ஆண்களுக்கு, அதுவும் முதன்முறை குற்றஞ்சாட்டப்படும்போது மட்டும் எனக் குறுக்கினர். 2000-ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபை ஊஞ்சலை மறுபுறம் தள்ளியது. பேருந்தில் 13 வயதுச் சிறுமியைத் தகாத செயலுக்கு வற்புறுத்திய 15 வயதுப் பையனின் வழக்கு அது. அவளுக்கு 14 ஆகிவிட்டது என்று அவன் உண்மையாக நம்பியிருந்தால் போதும், நியாயமாக நம்பியிருக்க வேண்டியதில்லை என்று தீர்ந்தது.

இதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரே ஆண்டில் பிறந்த பிள்ளைகளுள் ஒருத்தி ஆறாம் ஆண்டு வகுப்பிலேயே தாயின் தோளை எட்டுகிறாள். ஒருத்தி மூன்றாம் ஆண்டுப் பிள்ளைபோல் நிற்கிறாள். முகத்தில் வயது எழுதியிருப்பதில்லை. பள்ளியில் சேர்க்கும்போது பிறப்புப் பத்திரம் கேட்கிறோமே தவிர, பிள்ளையின் வாய்ச்சொல்லை ஏட்டில் எழுதிக்கொள்வதில்லை. (பிறப்பைப் பதியாமலே விட்டுவிட்ட பெற்றோரால் தோட்டத்துப் பிள்ளைகள் பட்டபாடு தனிக்கட்டுரைக்கு உரியது.) ஏட்டில் பெயர் எழுதுவதற்கே இத்தனை விசாரணை என்றால், ஒரு பிள்ளையின் உடலையும் வாழ்வையும் தொடும் செயலுக்கு முன் விசாரிக்க வேண்டாமா? கேட்காமல் நம்பியவனுக்கு நம்பிக்கையே கேடயம் என்றால், கேளாமையே இலாபமாகிவிடும்.

கனடாவில் இதைத் தெளிவாகச் சிந்தித்திருக்கிறார்கள். அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1978-இல் குற்றங்களை மூன்றாகப் பிரித்தது: குற்றமனம் மெய்ப்பிக்கப்பட வேண்டியவை, தக்க கவனம் எடுத்தேன் என்று எதிரி காட்டித் தப்பக்கூடியவை, எதைக் காட்டினாலும் தப்ப முடியாத முழுப்பொறுப்புக்கு உரியவை. 14 வயதுக்குட்பட்ட சிறுமி தொடர்பான பழைய பிரிவொன்று மூன்றாம் வகைப்பட்டதாய் இருந்தது. சிறையும் முழுப்பொறுப்பும் ஒன்றுசேரலாகாது என்று 1990-இல் ஹெஸ் வழக்கில் பெரும்பான்மையோர் அதை வீழ்த்தினர். அதற்கு முன்பே, வயதை அறிய நியாயமான முயற்சிகள் அனைத்தும் செய்தவனுக்கே எதிர்வாதம் என்ற புதுவிதி 1988-இல் நடைமுறைக்கு வந்திருந்தது. இங்கிலாந்தின் 2003-ஆம் ஆண்டுச் சட்டமும் 13 முதல் 15 வரையிலானோர் விடயத்தில் நியாயமான நம்பிக்கையை வேண்டி, 13-க்குக் கீழ் எந்த நம்பிக்கைக்கும் இடமில்லை என்றது. வளர்ந்த ஆடவனுக்கு அது முற்றிலும் தகும். ஆனால் 2008-இல் பிரபுக்கள் சபை முன் நின்றவன் 15 வயதுப் பையன். 12 வயதுச் சிறுமி தனக்கு 15 என்று அவனிடம் சொல்லியிருந்தாள். தண்டனை கீழ்நீதிமன்றத்தில் தளர்ந்தது. கற்பழிப்பு என்னும் குற்றப்பெயரோ நீங்கவில்லை. ஒரு கேள்வியில் நீதிபதிகளே மூவர் இருவராகப் பிரிந்தனர். காக்கப்படவேண்டிய பருவத்தில் இருவரும் இருக்கையில் ஒருவர் தலையில் மட்டும் முழுப்பொறுப்பை ஏற்றுவது எனக்கு உறுத்துகிறது.

நம் பக்கத்துக்கு வருவோம். மெக்காலே வகுத்த இந்தியத் தண்டனைச் சட்டத்தைத் தழுவி 1871-இல் நீரிணைக் குடியேற்றங்களுக்குச் செய்த தொகுப்பே நம் சட்டங்களின் வேர். மலேசியாவின் 361-ஆம் பிரிவு 14 வயதுக்குட்பட்ட ஆணையும் 16 வயதுக்குட்பட்ட பெண்ணையும் காவலரிடமிருந்து கொண்டு செல்வதைப் பற்றியது. தனக்கே காவலுரிமை உண்டு என்று நல்லெண்ணத்தோடு நம்பியவனுக்கு அப்பிரிவிலேயே விலக்கு உண்டு. வயதில் பிழைத்தவனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பிரின்ஸ் வழக்கின் அதே சிக்கல். சிங்கப்பூரில் 2007-ஆம் ஆண்டுத் திருத்தம், சிறார் தொடர்பான பாலியல் குற்றங்கள் சிலவற்றில் வயதுப் பிழை எதிர்வாதமாகாது என்று கூறி, 21 வயது நிரம்பாத எதிரிக்கு மட்டும் சிறு வாயில் திறந்து வைத்தது. 1922-இன் சாயல் அதில் தெரிகிறது.

அப்படி வெளிப்படையாகச் சொல்லாத இடத்தில் மௌனத்துக்கு எதைக்கொண்டு உரை எழுதுவது? பிரின்ஸைத் தேடிப் போகவேண்டியதில்லை என்பது என் கருத்து. பொருண்மைப் பிழையால், தன் செயலைச் சட்டம் அனுமதிக்கிறது என்று நல்லெண்ணத்தோடு நம்பியவனுக்கு 79-ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. அத்தொகுப்பின் 52-ஆம் பிரிவோ, தக்க கவனமும் கருத்தும் இன்றி நம்பியது நல்லெண்ணத்தோடு நம்பியது ஆகாது என்று சொல்லிவிடுகிறது. கேளாமல் நம்பியவனை இப்பிரிவு வெளியே நிறுத்தும். பத்திரம் வரை கேட்டும் ஏமாந்தவனை உள்ளே விடும். கனடா 1988-இல் அடைந்த இடத்துக்கு அருகிலேயே நம் பழைய தொகுப்பு முதலிலிருந்து நின்றிருக்கிறது. இரு பிரிவுகளையும் சேர்த்துப் படிக்கவேண்டும், அவ்வளவே.