மொஹிட்டோவில் பழத்துக்கு என்ன வேலை?

வெள்ளை ரம், எலுமிச்சைச் சாறு, சர்க்கரை, புதினா, சோடா. கியூபாவின் மொஹிட்டோவில் இந்த ஐந்தும் பனிக்கட்டியும்தான். சர்வதேச பார்டெண்டர்கள் சங்கத்தின் அளவுப்படி ரம் 45 மில்லி, சாறு 20 மில்லி, கரும்புச் சர்க்கரை 2 தேக்கரண்டி, புதினா 6 கொத்து. ரம்மின் எரிவைச் சர்க்கரை தணிக்கிறது, சர்க்கரையைப் புளிப்பு அடக்குகிறது, சோடா மொத்தத்தையும் இலேசாக்குகிறது. உபரி என்று எதையும் எடுத்துப்போட முடியாது. வீட்டில் பழ மொஹிட்டோ செய்பவர்களோ இந்த ஐந்தையும் அப்படியே வைத்துக்கொண்டு, ஆறாவதாக ஒரு கிண்ணம் பழக்கூழைக் கொட்டுகிறார்கள். கோளாறு அங்கே தொடங்குகிறது.

மரபைக் காட்டிப் பழத்தைத் தடுக்க நான் வரவில்லை. ஹவானாவின் லா போதெகீத்தா தெல் மெதியோ மதுக்கூடத்தில் மொஹிட்டோவைப் புகழ்ந்து ஹெமிங்வே எழுதியதாக ஒரு வாசகம் தொங்குகிறது. அது அவர் எழுத்துதானா என்பதிலேயே பலருக்குச் சந்தேகம். மரபின் சாட்சிகள் அவ்வளவுதான். நான் கேட்பது வேறு. உள்ளே வரும் பழம் இருப்பவற்றில் எதன் வேலையை ஏற்கிறது? ஏற்ற அளவுக்கு அது குறைக்கப்பட்டதா?

தர்பூசணி இந்தக் கேள்வியிலேயே விழுந்துவிடுகிறது. அதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். சர்க்கரையின் வேலைக்கு இனிப்பு போதாது, எலுமிச்சையின் வேலைக்குப் புளிப்பே கிடையாது. சோடாவின் இடத்தில் உட்காருகிறது, ஆனால் வாயு இல்லாமல். பனிக்கட்டி உருகி நீர்த்துப்போகும் பானத்தை அதற்கு முன்பே நீர்க்க வைக்கிறது. நிறம் படமெடுக்க நன்றாயிருக்கும்.

மாம்பழத்தின் தோல்விதான் கொஞ்சம் யோசிக்க வைப்பது. இனிப்பின் பொறுப்பை அது தாராளமாக ஏற்கும், சர்க்கரையே வேண்டாம். ஆனால் கூழின் நுண்துகள்கள் சோடாவில் கரைந்திருக்கும் வாயு குமிழாகத் திரள இடம் கொடுக்கின்றன. ஊற்றியதும் பொங்கி நுரைக்கும், பிறகு அடங்கிப்போகும். மணத்திலும் புதினாவை மூழ்கடித்துவிடும். ஸ்ட்ராபெர்ரிக்கு இனிப்பும் பாதி, புளிப்பும் பாதி. வடிகட்டிப் போட்டால் குறை சொல்ல ஒன்றுமில்லை, புகழவும் ஒன்றுமில்லை.

அன்னாசி தேறுகிறது. வடிகட்டிய சாறு 30 மில்லி சேர்த்தால் சர்க்கரையைப் பாதியாக்கலாம். புளிப்பும் துணைக்கு வரும். என் கணக்கில் முதலிடம் பேஷன் ஃப்ரூட்டுக்கு, ஈழத்தவரின் கொடித்தோடைக்கு. அதன் புளிப்பு எலுமிச்சையின் பாதிப் பங்கை எடுத்துக்கொள்ளும். ஒரு பழத்தில் ஓரிரு கரண்டிச் சாறுதான் கிடைப்பதால் பானம் நீர்க்காது. விதையை வடித்துவிடுங்கள்.

பழம் தேறினாலும் கை கெடுத்துவிடலாம். புதினாவின் மணத்தைத் தரும் எண்ணெய், இலையின் மேற்பரப்பில் உள்ள நுண்சுரப்பிகளில் இருக்கிறது. சர்க்கரையோடு சேர்த்து மத்தால் நாலைந்து முறை மெல்ல அழுத்தினாலே அது வெளிவரும். கீரை கடைவதுபோல் கடைந்தால் இலை கிழிந்து பச்சைக் கசப்பு இறங்கும். ஹவானாவில் காம்போடுதான் போடுகிறார்கள், அதற்காக யாரும் துவைத்து எடுப்பதில்லை. பழத்தையும் புதினாவையும் ஒன்றாக மிக்ஸியில் போடுவதை நான் மன்னிக்கவே மாட்டேன்.

நம் ஊர் கஃபேக்களில் கிடைக்கும் மொஹிட்டோக்களில் பெரும்பாலும் ரம் இல்லை. அவற்றையும் இதே கேள்வியால்தான் நிறுக்க வேண்டும், இங்கே விடை மாறுகிறது. புதினா எண்ணெய் மதுவில் நன்றாகக் கரையும், தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. ரம்மை எடுத்ததும் பானத்தின் கனமும் எரிவும் போவதோடு, மணத்தைப் பிடித்து வைத்திருந்ததும் போய்விடுகிறது. மிஞ்சுவது எலுமிச்சை சோடா. ஆக, இங்கே உண்மையிலேயே ஒரு வேலை காலியாக இருக்கிறது. மூலப் பானத்தில் சும்மா தேறிய அன்னாசி இங்கே அவசியமாகிறது: சாறு 60 மில்லி, சர்க்கரை அறவே வேண்டாம், எலுமிச்சை பாதி, எரிவுக்குச் சில சொட்டு இஞ்சிச் சாறு. மணத்துக்கு ஒரு புதினாக் கொத்தை உள்ளங்கையில் தட்டி மூக்குக்கு நேரே கோப்பையின் விளிம்பில் செருகிக்கொள்ளலாம். கடைகளில் ஊற்றும் நீலச் சிரப்புக்கு எந்த வேலையும் இல்லை.